ஏழரை அடி ராடு வேண்டாம், தம்பி

உங்கள் கேள்வியை ஊட்டிப் பக்கம் எமரால்டில் எங்கள் அம்மா வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்துதான் படித்தேன். ஒரு மாத லீவில் வந்திருக்கிறேன். வெளியே பனிமூட்டம், கரண்டு போய் ஒரு மணி நேரம் ஆகிறது. போனில் சார்ஜ் இருக்கும்வரை எழுதுகிறேன்.

நீங்கள் கோத்தகிரி. அமெரிக்காவில் சார்லட்டுக்கு வந்து நான்கு மாதம். ஆபீஸ் மேலாளர் சனிக்கிழமைகளில் நார்மன் ஏரிக்குத் தன் படகில் கூட்டிப்போகிறார். அவர் டாக்குக்கு (கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் பலகை மேடை) அடியில் லூரை (போலி இரை) தத்தவிட்டு மீன் எடுக்கிறார், நீங்கள் வீசினால் லூர் டாக்கின் பலகையில் போய் அடிக்கிறது. கடையில் ஏழரை அடி ஹெவி ராடு (கெட்டியான தூண்டில் கம்பு) ஒன்றைக் காட்டி, "டாக்குக்கு இதுதான்" என்கிறார்கள். வாங்கலாமா அக்கா, இதெல்லாம் பழகாமல் இந்த ஊரில் மனிதர்களோடு ஒட்ட முடியாதா என்று கேட்டிருந்தீர்கள். பாஸோடு பாஸ் மீன் பிடிக்கப் போகிறீர்கள், பயம் இருக்கத்தான் செய்யும்.

முதல் கேள்விக்குப் பதில்: வாங்காதீர்கள். ஏழரை என்றாலே நமக்கு ஆகாது என்பதற்காகச் சொல்லவில்லை. அதே வகை ராடை வாங்கி நான் ஒரு கோடை முழுக்க அவதிப்பட்டிருக்கிறேன்.

நான் அங்கே போய்ப் பத்தொன்பது வருடம் ஆகிறது. நர்ஸ் வேலை, பெரும்பாலும் நைட் டியூட்டி. விடிந்து வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது, ஏரிக்கரைக்குப் போய் உட்கார்வேன், அப்படித்தான் இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. முதல் ராடை ஒரு கடைக்காரர் பேச்சை நம்பி வாங்கினேன். ஏழு அடி நான்கு அங்குலம், ஹெவி. என் உயரம் ஐந்து அடி. தாழ்வாக வீசப் போனால் ராடின் நுனி 'சளக்' என்று தண்ணீரில் அடிக்கும், அடிக்கட்டை வந்து முழங்கையில் இடிக்கும். என் கைதான் சரியில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தத்தவிடுவது என்ன என்பதைப் புரிந்துகொண்டால் எந்த ராடு என்பது தானாகவே தெரிந்துவிடும். சின்ன வயதில் குட்டையில் ஓட்டாஞ்சில்லை எறிந்து தவளை விட்டிருப்பீர்கள். சில்லு மேலிருந்து விழுந்தால் மூழ்கும், தண்ணீரை ஒட்டிப் படுத்தமாதிரி போனால்தான் தத்தும். லூரும் அப்படியே. டாக்கின் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓரடி இடைவெளி இருந்தால் அதிர்ஷ்டம், மிதக்கும் டாக்கில் அதுவும் இருக்காது. அந்தச் சந்துக்குள் லூர் இரண்டு மூன்று தத்துத் தத்தி உள்ளே போக வேண்டும். வெயில் ஏற ஏற பாஸ் நிழலின் உள்மூலையில்தான் ஒதுங்கும், டாக்கின் விளிம்பில் போட்டுவிட்டு வருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே வீச்சு பக்கவாட்டில், முட்டிக்குக் கீழே. நீண்ட ராடுக்கு அங்கே இடமே இல்லை.

உங்கள் உயரம் ஐந்தே கால் அடி என்று எழுதியிருந்தீர்கள். ஆறரை அடியிலிருந்து ஆறு அடி பத்து அங்குலம்வரை பாருங்கள். ஏழு அடி என்பது உயரமான ஆளுக்கு, அதுவும் படகின் மேல்தளத்தில் நின்று வீசுகிறவருக்குச் சரி. கயாக்கில் உட்கார்ந்து வீசுவதென்றால் ஆறரையைத் தாண்டாதீர்கள்.

நீளத்தைவிடப் பலர் கவனிக்காமல் விடுவது பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அடிக்கட்டை. தத்தவிடும்போது மணிக்கட்டை உள்பக்கமாகச் சுழற்றுவோம், அப்போது அந்தக் கட்டை முன்கையைச் சுற்றி வர வேண்டும். நீளமாக இருந்தால் சட்டையில் மாட்டும். கடையிலேயே ரீல் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நாலைந்து தடவை சுழற்றிப் பாருங்கள். உரசினால் திரும்ப வைத்துவிடுங்கள்.

அப்புறம் பலம். லேபிளில் இரண்டு விஷயம் போட்டிருக்கும், புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். பவர் என்பது ராடு எவ்வளவு கெட்டி என்பது. ஆக்‌ஷன் என்பது அது எங்கே வளைகிறது என்பது: ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மட்டும், மாடரேட் என்றால் பாதிவரை. உங்களுக்கு வேண்டியது மீடியம் ஹெவி பவர், ஃபாஸ்ட் அல்லது மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன். காரணம் இதுதான். தலைக்கு மேலே வீசும்போது கைக்கு ஓட்டம் கிடைக்கிறது. தத்தவிடும்போது கை ஒரு முழத்துக்குமேல் நகராது, மீதி வேலையை ராடின் நுனி வளைந்து நிமிர்ந்து செய்ய வேண்டும். கொய்யா விளாறை வீசிப் பார்த்திருப்பீர்களே, அந்தத் துள்ளல். ஹெவி ராடில் பத்துப் பன்னிரண்டு கிராம் லூரைத் தொங்கவிட்டால் நுனி அசையவே அசையாது, வெறும் கம்பைச் சுழற்றுகிற மாதிரி இருக்கும். அதற்காக ரொம்ப இளக்கமாகவும் போகக் கூடாது. டாக்கின் தூணுக்குப் பக்கத்தில் மீன் கவ்வினால் அது தூணைச் சுற்றுவதற்குள் வெளியே இழுத்தாக வேண்டும், இளகிய ராடில் அது நடக்காது.

ஒரு கம்பெனியின் மீடியம் ஹெவி இன்னொரு கம்பெனியின் மீடியம் போல இருக்கும், இதற்கெல்லாம் பொது அளவு கிடையாது. அதனால் லேபிளை நம்பாமல் ஒரு அரை அவுன்ஸ் லூரை நுனியில் மாட்டித் தரச் சொல்லி, மணிக்கட்டை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். மேல் பக்கம் தலையாட்டினால் எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். நூறு டாலர் வாக்கில் நல்ல ராடு கிடைக்கிறது. முதல் ராடுக்கு அதற்குமேல் கொடுக்காதீர்கள், எப்படியும் நாலு தூணில் இடிக்கத்தான் போகிறீர்கள். கார்பன் ராடு இழுவையில் அவ்வளவு சுலபமாக உடையாது, இடிபட்ட இடத்தில்தான் பிறகு ஒருநாள் பட்டென்று போகும்.

ராடு முடிந்தது. ஆனால் உங்கள் பிரச்சினையில் பாதி ரீலில் இருக்கும். லூர் தண்ணீரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் வேகம் குறைகிறது, ரீலின் உருளை மட்டும் அதே வேகத்தில் சுற்றுகிறது. உள்ளே இடியாப்பம்தான். ஆகவே பிரேக்கை வழக்கத்தைவிடக் கூட்டி வையுங்கள், தூண்டில் நரம்பை விளிம்புவரை நிரப்பாமல் கொஞ்சம் குறைத்துச் சுற்றுங்கள், கட்டைவிரலை உருளையை விட்டு எடுக்காதீர்கள். நரம்புக்கு 15 அல்லது 17 பவுண்டு ஃப்ளோரோகார்பன் போதும். லூர் 3/8 அவுன்ஸிலிருந்து அரை அவுன்ஸ்வரை, தட்டையான தலையுள்ள ஜிக் (தலையில் எடை வைத்த முள்), பின்னால் தட்டையான ரப்பர் வால். தட்டையாக இருப்பதுதான் தத்தும். தகடு சுழலும் ஸ்பின்னர்பெய்ட்டை எல்லாம் இதற்கு எடுக்காதீர்கள்.

நேற்று இதை என் அண்ணன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். எமரால்டு அணைக்குப் போகவில்லை, அங்கே நினைத்தபோது தூண்டில் போடுகிற வேலை வேண்டாம் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேரட் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் குட்டை ஒன்று இருக்கிறது, குறுக்கே இரண்டு பலகை போட்டிருக்கிறார்கள். பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே முழங்கை அளவு இடைவெளி. டாக்கேதான். இரண்டாகப் பிரியும் பயண ராடு ஒன்று என்னிடம் உண்டு, அதில் ஒரு ஜிக்கின் முள்ளைக் கத்தரித்துவிட்டு மாட்டினேன்.

பையன் முதலில் நிமிர்ந்து நின்று வீசினான். லூர் பலகையில் 'டக்' என்று அடித்தது, ரீலுக்குள் சிக்கு. கால் மணி நேரம் உட்கார்ந்து ஊசியால் எடுத்தேன். இரண்டாவதும் அப்படியே. அப்புறம் அவனே, "அத்தை, தவளை விடுற மாதிரிதானே?" என்று கேட்டு, ராடைக் கீழே வைத்துவிட்டு ஒரு சில்லைப் பொறுக்கினான். அவன் எறிந்ததைப் பார்த்தேன். முட்டி தானாக மடங்குகிறது, தோள் பக்கவாட்டில் சாய்கிறது, கை இடுப்புக்கு மேலே வரவே இல்லை. சில்லு நாலு தத்துப் போய் அந்தக் கரையில் ஏறியது. "இதே மாதிரி நின்று ராடை எடு" என்றேன். மூன்றாவது வீச்சில் ஜிக் பலகைக்கு ஒரு கை முன்னால் தண்ணீரைத் தொட்டு, மறுபடி தொட்டு, உள்ளே போய்ச் சத்தமில்லாமல் நின்றது. அவன் கட்டைவிரலை வாங்கிப் பார்த்தேன். ஈர நரம்பு ஓடிய இடத்தில் குறுக்கே மெல்லிய சிவப்புக் கோடு. அந்தக் கோடு விழ ஆரம்பித்தால் கை சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். லூர் எங்கே முதலில் தொட வேண்டும் என்பதையும் கவனியுங்கள்: டாக்குக்கு மிக அருகில் தொட்டால் எகிறிப் பலகையில் அடிக்கும், கொஞ்சம் முன்னாலேயே தொட வேண்டும்.

நம் பக்கத்தில் ராடு என்றாலே டிரௌட் மீனுக்குப் பூச்சி மாதிரி இரை மாட்டும் ஃப்ளை ராடுதான். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907-லேயே வந்துவிட்டது, வெள்ளைக்காரர் காலத்து நளினமெல்லாம் அதில் இருக்கும். அந்த நினைப்போடு பாஸ் பிடிக்கப் போனால் சிரமம். ஆனால் ஏரியைப் பொறுத்தவரை நீங்கள் அந்நியர் இல்லை. எமரால்டு எப்படிக் குந்தா மின்திட்டத்துக்காகத் தேக்கியதோ, நார்மனும் அப்படி மின்சாரக் கம்பெனி அணை கட்டித் தேக்கிய தண்ணீர்தான், 1960-களில் நிரம்பியது. வித்தியாசம் கரையில் இருக்கிறது. இங்கே தேயிலையும் சோலையும். அங்கே சுமார் 520 மைல் கரை, அதில் பெரும்பகுதி வீடுகளின் கொல்லைப்புறம். கொல்லைக்கு ஒரு டாக்.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. அங்கே போன மூன்றாவது வருடம், அந்த நீள ராடில் வீசிய லூர் ஒரு வீட்டு டாக்கில் கட்டியிருந்த அலுமினியப் படகில் 'டங்' என்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்காரர் காபிக் கோப்பையோடு இறங்கி வந்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. படகில் பட்ட இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், உள்ளே போய்விட்டார். நான் இரண்டு நாள் தூங்கவில்லை. போலீஸ் வருமோ, விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று. புதிதாகப் போன எல்லோருக்கும் இந்தப் பயம் இருக்கும், உங்கள் கேள்வியிலும் அதுதான் தெரிகிறது. ஒன்றும் வரவில்லை. அந்த டாக் பக்கம் மட்டும் நான் இன்றுவரை போவதில்லை.

அதனால் சொல்கிறேன். ஆள் உட்கார்ந்திருக்கும் டாக்கில், குழந்தைகள் நீந்தும் இடத்தில் வீசாதீர்கள். லூர் கயிற்றிலோ பலகையிலோ மாட்டினால் வெடுக்கென்று இழுக்காமல் படகைப் பக்கத்தில் விடச் சொல்லிக் கையால் எடுங்கள், ஆனால் டாக்கின்மேல் கால் வைக்காதீர்கள், அது அவர்கள் வீடு. மீன்பிடி லைசன்ஸ் முதலிலேயே எடுத்துவிடுங்கள். 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேண்டும், மேலாளரின் லைசன்ஸ் உங்களுக்குச் செல்லாது. மீனைப் பிடித்ததும் அவர் முத்தம் கொடுக்காத குறையாகத் தண்ணீரில் விட்டுவிடுவார், முதல் நாளே குழம்புக்குக் கேட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் தெரியாவிட்டால் ஒட்ட முடியாதா என்றால், முடியும். மீன் பக்கமே போகாமல் முப்பது வருடம் நிம்மதியாக இருக்கிறவர்கள் அங்கே எத்தனையோ பேர். என் வீட்டுக்காரரே அப்படித்தான், அவர் லூரைத் தொட்டதில்லை. பிடித்திருந்தால் போங்கள். பிடிக்காமல் மேலாளருக்காகப் போகிறீர்கள் என்றால், நாலு வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும். நீங்கள் கேட்ட கேள்வியின் நீளத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் படுகிறது.

கரண்டு வந்துவிட்டது, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறார். ஒன்றை மறந்துவிட்டேன். ராடு வாங்கப் போகும்போது மார்ச் மாதத்தில் ஏரிக்குப் போட்டுப்போகிற அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் சட்டையில் உரசாத அடிக்கட்டை அந்த ஜாக்கெட் கையில் வந்து மாட்டும்.