அப்பாவுக்கு ஒரு சின்ன லேப்டாப்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அம்மாவோடு கோவில்பட்டியில் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கண்ணில் புரை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. கையில் லேசான நடுக்கம் உண்டு. பேரனோடு வீடியோ காலில் பேச, நாளிதழ் படிக்க, வங்கிக் கணக்கு பார்க்க, தமிழில் எழுத ஒரு சின்ன லேப்டாப் கேட்கிறார். கடையில் 11.6 அங்குல மாடல் ஒன்றைக் காட்டி, "வயசானவங்களுக்கு இது போதும்" என்கிறார்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, விலை 20,000 ரூபாய். என்னால் 40,000 வரை போட முடியும். இதையே வாங்கிவிடலாமா? (ஒரு வாசகி, ஓசூர்)

பதில்: வாங்காதீர்கள். இந்த விலையில் வரும் 64 ஜிபி பெரும்பாலும் இஎம்எம்சி வகைச் சேமிப்பு. இப்போதைய லேப்டாப்களில் வரும் வேகமான சேமிப்பான எஸ்எஸ்டியைவிடப் பல மடங்கு மெதுவானது, போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது. விண்டோஸ் 11 மட்டுமே அதில் பாதியளவை எடுத்துக்கொள்ளும். பெரிய அப்டேட் வரும்போது இடம் போதாமல் பாதியில் நிற்கும். 4 ஜிபி ரேமில் விண்டோஸ் போக மிஞ்சுவது ஒன்றரை ஜிபிக்குள்தான். அதில் பிரவுசரும் வீடியோ காலும் ஒன்றாக ஓடினால் மெஷின் திணறும்.

மெதுவான மெஷின் நமக்கு எரிச்சல் தரும், அவ்வளவுதான். பெரியவர்களுக்கு அது பயத்தைத் தருகிறது. ஒரு முறை கிளிக் செய்து ஐந்து விநாடி எதுவும் நடக்கவில்லை என்றால், தான் அழுத்தியது சரியில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி அழுத்துவார். திடீரென்று நான்கு ஜன்னல்கள் திறக்கும். "நான் ஏதோ கெடுத்துட்டேன்" என்று மூடி வைத்துவிடுவார், அதன் பிறகு தொட மாட்டார். "வயசானவங்களுக்கு இது போதும்" என்ற பேச்சு அடிப்படையிலேயே தவறு.

இனி திரை. இந்த விஷயத்தில்தான் உங்கள் பணம் போக வேண்டும். 11.6 அங்குலத் திரைகளில் பொதுவாக 1366 x 768 புள்ளிகள் இருக்கும். அப்பாவுக்காக எழுத்தை 150 சதவீதம் பெரிதாக்கினால் மிஞ்சும் இடம் 911 x 512 புள்ளிகளுக்குச் சமம். பல பெட்டிகளில் 'ஓகே' பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடும், அவர் தேடிக்கொண்டே இருப்பார். 14 அங்குலத்தில் 1920 x 1080 திரை எடுத்தால், அதே 150 சதவீதத்தில் 1280 x 720 அளவுக்கு இடம் கிடைக்கும். எழுத்தும் பெரிதாக இருக்கும், பொத்தான்களும் காணாமல் போகாது. எடை சுமார் ஒன்றரை கிலோ. கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் தூக்கிப்போக இது பாரமில்லை. பார்வை இன்னும் மங்கலாக இருப்பவருக்கு 15.6 அங்குலம் நல்லது. ஆனால் அதில் பெரும்பாலும் வலப்பக்கம் எண் விசைகள் தனியாக இருப்பதால் எழுத்து விசைகள் இடப்பக்கம் ஒதுங்கிவிடும். தட்டச்சுப் பழகிய கைக்கு அது இடைஞ்சல்.

திரையின் பேனல் ஐபிஎஸ் வகையாக, அதாவது எந்தக் கோணத்தில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாததாக இருக்கட்டும். டிஎன் பேனலில் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ நிறம் மங்கும், எழுத்து வெளிறும். விற்பனையாளரிடம் கேட்பதைவிட நீங்களே சோதிப்பது சுலபம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு எழுத்து சாம்பலாக மாறினால் அது வேண்டாம். இந்த விலையில் வெளிச்சம் பெரும்பாலும் 250 நிட்ஸ்தான் கிடைக்கும், 300 கிடைத்தால் எடுங்கள். பளபளப்பான திரையில் ஜன்னலும் ட்யூப்லைட்டும் பிரதிபலிக்கும், மேட் திரை வாங்குங்கள்.

கண்ணாடி பற்றியும் சொல்ல வேண்டும். லேப்டாப் திரை கண்ணிலிருந்து 50 முதல் 60 செ.மீ. தூரத்தில் இருக்கும். பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி புத்தகம் படிக்கும் 35, 40 செ.மீ. தூரத்துக்கானது. அதன் வழியே திரையைப் பார்க்க மோவாயைத் தூக்கியபடி உட்கார்வார், ஒரு வாரத்தில் கழுத்து வலிக்கும். கண் மருத்துவரிடம் "கம்ப்யூட்டர் தூரத்துக்கு" என்று சொல்லித் தனிக் கண்ணாடி எழுதி வாங்குங்கள். அந்த ஒரு கண்ணாடி, மெஷினில் கூடுதலாகப் போடும் 5,000 ரூபாயைவிட அதிகம் உதவும்.

விசைப்பலகையில் கறுப்பு விசை, வெள்ளை எழுத்து எடுங்கள். வெள்ளி நிற விசையில் பின்விளக்கு எரிந்தால் பகலில் எழுத்தே தெரியாது. பவர் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பல மாடல்களில் அது டெலிட் விசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடுங்கும் விரல் அதில் பட்டால் மெஷின் தூங்கிவிடும். அப்படிப்பட்ட மாடல்தான் கிடைத்தது என்றால், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பொத்தான் அழுத்தினால் 'எதுவும் செய்யாதே' என்று மாற்றிவிடுங்கள்.

ப்ராசஸரில் ரொம்பவும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்டெல் கோர் ஐ3-1215யு, ஐ3-1315யு போன்றவை இந்த வேலைகளுக்குத் தாராளம். ரைசன் 3 7320யு-வும் போதும், ஆனால் அதோடு வரும் ரேம் போர்டில் பற்றவைத்தது, பிறகு கூட்ட முடியாது. செலரான் என்4020, என்4500 பக்கம் போகாதீர்கள். ரேம் குறைந்தது 8 ஜிபி, கூடவே காலி ஸ்லாட் ஒன்று இருந்தால் நல்லது. எஸ்எஸ்டி 256 ஜிபியே போதும், 512 என்றால் கவலையே இல்லை. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் இன்ன மாடல் என்று சொல்லவில்லை. இன்னொரு காரணமும் உண்டு: ஐடியாபேட் ஸ்லிம் 3, விவோபுக் 14 போன்ற ஒரே பெயரில் வெவ்வேறு திரையும் ரேமும் கொண்ட பல வகைகள் விற்கின்றன. பெட்டியில் உள்ள முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கம்பெனியின் தளத்தில் அந்த எண்ணுக்குரிய விவரத்தைப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.

சார்ஜரில் மூன்று பின் இருக்கிறதா, வீட்டில் எர்த் சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாத இணைப்பில் உலோக உடல் கொண்ட லேப்டாப்பைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கும். பெரும்பாலும் அது அடாப்டரில் உள்ள மின்தேக்கி வழியாக வரும் சிறு கசிவுதான், மெஷின் பழுதல்ல. ஆனால் ஷாக் அடிக்கிறது என்று அப்பா ஒதுக்கிவைத்துவிடுவார். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதற்காக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் வைஃபை ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்குங்கள். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர்தான் அணைந்து வீடியோ கால் அறுந்துபோகும்.

கூடவே 500 ரூபாய்க்கு ஒரு மவுஸ். நடுக்கம் உள்ள கைக்கு டச்பேட் எதிரி. மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேட் அணைந்திருக்கும்படி செட்டிங்ஸில் வைக்கலாம், மூன்று விரல், நான்கு விரல் சைகைகளையும் நிறுத்திவிடுங்கள். டபுள் கிளிக் சிரமமாக இருந்தால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ஒரே கிளிக்கில் திறக்கும்படி மாற்றலாம். ஆக்சஸிபிலிட்டியில் மவுஸ் பாயின்டரைப் பெரிதாக்கி மஞ்சள் நிறம் கொடுங்கள். ஷிஃப்ட் விசையை ஐந்து முறை அழுத்தினால் எழும் ஸ்டிக்கி கீஸ் கேள்வியையும் அங்கேயே அணைத்துவிடலாம்.

தமிழில் எழுதுவதற்கு: விண்டோஸிலேயே தமிழ்99 விசை அமைப்பு, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்பு இரண்டும் இருக்கின்றன. ஆனால் உங்கள் அப்பாவின் விரல்களில் இருப்பது பழைய தட்டச்சு முறை. 71 வயதில் அவரைப் புதிய முறைக்கு மாற்றாதீர்கள். என்எச்எம் ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு அமைப்பு இருக்கிறது, யூனிகோடிலேயே எழுதும். விரல் ஓயும் நாளில், கூகுள் டாக்ஸில் குரல்வழித் தட்டச்சுக்குத் தமிழைத் தேர்ந்தெடுத்துப் பேசினால் எழுதிக்கொள்ளும்.

கேள்வி: லேப்டாப்பை நானே செட் செய்து ஊருக்கு அனுப்ப நினைக்கிறேன். எதில் தவறு வரும்? (அதே வாசகி)

பதில்: கணக்கில்தான். விண்டோஸ் 11 ஹோம் முதல்முறை இயங்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். அவசரத்துக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுவிட்டு, அதன் பாஸ்வேர்டை மறந்துபோகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கில் நுழைந்ததுமே பல மெஷின்களில் வட்டின் தகவல்கள் தாமாகப் பூட்டப்படுகின்றன. அந்தப் பூட்டின் மீட்புச் சாவி 48 இலக்க எண், அது அந்தக் கணக்கில்தான் சேமிக்கப்படும். பிறகு ஏதோ ஒரு பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பின் நீலத் திரையில் அந்தச் சாவியைக் கேட்கும்போது கணக்கும் இல்லை, சாவியும் இல்லை என்றால் அப்பா எழுதி வைத்ததும் பேரன் படங்களும் போனதுதான். சர்வீஸ் சென்டராலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே அப்பா பெயரிலேயே, அவருடைய மொபைல் எண்ணோடு கணக்கு தொடங்குங்கள். அந்த 48 இலக்கத்தை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். உங்களிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

நுழைவதற்கு ஆறு இலக்கப் பின் நம்பர் வையுங்கள். விரல்ரேகையை மட்டும் நம்பாதீர்கள், வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து, தோல் உலர்ந்து, பல நேரம் படிக்காது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அவருடைய கணக்கை ஸ்டாண்டர்ட் வகையாக வைத்து, அட்மின் கணக்கைத் தனியாக உங்களிடம் வைத்துக்கொண்டால் கண்டதெல்லாம் இன்ஸ்டால் ஆகாது. கூடவே வரும் சோதனை ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். அது காலாவதியானதும் "உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது" என்று தினமும் பயமுறுத்தும். விண்டோஸில் உள்ள டிஃபெண்டரே போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, பிரவுசர் செட்டிங்ஸில் தளங்கள் நோட்டிஃபிகேஷன் அனுப்புவதை மொத்தமாகத் தடை செய்யுங்கள். பெரியவர்களின் திரையில் மூலையில் வரும் 'வைரஸ் தாக்கியது' என்ற எச்சரிக்கைகளில் பெரும்பகுதி, ஏதோ ஒரு தளத்தில் 'அலவ்' அழுத்தியதால் வந்து சேருபவை. திரை முழுவதும் எச்சரிக்கை நிறைந்து, ஒரு போன் நம்பரும் தெரிந்தால் அந்த நம்பருக்கு அழைக்கக் கூடாது, எஸ்கேப் விசையை நீண்ட நேரம் அழுத்த வேண்டும், போகாவிட்டால் மெஷினையே அணைத்துவிட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தூரத்திலிருந்து உதவ விண்டோஸிலேயே குவிக் அசிஸ்ட் இருக்கிறது. நீங்கள் போனில் சொல்லும் குறியீட்டை அவர் அடித்தால் அவர் திரை உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும், வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும், எந்தக் குறியீட்டையும் அடிக்கக் கூடாது என்பதை முதல் நாளே பழக்குங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கேள்வி: விரல்ரேகை சென்சார் உள்ள லேப்டாப் வாங்கினால் பென்ஷன் உயிர்வாழ் சான்றை வீட்டிலிருந்தே கொடுக்கலாம் என்று விற்பனையாளர் சொல்கிறார். உண்மையா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. லேப்டாப்பில் உள்ள சென்சார் அந்த மெஷினைத் திறக்க மட்டுமே. ஆதார் சரிபார்ப்புக்குப் பதிவு பெற்ற தனி ஸ்கேனர் தேவை. ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதுவும் வேண்டாம்: ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியும் போட்டு, முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம். தபால்காரரை வீட்டுக்கு வரவழைத்து எடுக்கும் வசதியும் உண்டு. இதற்காக லேப்டாப்பில் கூடுதல் பணம் போட வேண்டாம்.

கேள்வி: அம்மாவுக்கு யூடியூபும் மின்னஞ்சலும்தான். பழைய பிசினஸ் லேப்டாப்பைப் புதுப்பித்து 20,000 ரூபாய் அளவில் விற்கிறார்கள். எடுக்கலாமா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: எடுக்கலாம், அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் புது மெஷினைவிட விசைப்பலகையும் உறுதியும் நன்றாகவே இருக்கும். திங்பேட் டி480, லாட்டிட்யூட் 7490 போன்றவை இந்த ரகம். ஒரே நிபந்தனை: இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஏழாவது தலைமுறை மெஷின்களில் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. "விண்டோஸ் 11 போட்டுத் தந்திருக்கிறோம்" என்று சொன்னாலும் ப்ராசஸர் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யு சரி, ஐ5-7200யு கூடாது. கடையிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெபாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் முதலாவதில் 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதுப் பேட்டரி கேளுங்கள், அல்லது விலையைக் குறையுங்கள். 14 அங்குல பிசினஸ் மாடல்களிலும் 1366 x 768 டிஎன் திரை உண்டு, அதையும் பார்த்தே எடுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப்பில் முதல் நாளே திரையில் கோடு. விற்றவர் கம்பெனியைக் கேள் என்கிறார், கம்பெனி விற்றவரைக் கேள் என்கிறது. (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: பெட்டியைப் பிரித்த வீடியோ, பில், சீரியல் எண், கோடு தெரியும் படம் எல்லாவற்றையும் சேர்த்து, நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அந்தக் கட்டத்திலேயே முடிகின்றன. முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். விற்றவர், கம்பெனி இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். இப்போதைக்கு அந்த மெஷினைத் தெருமுனைக் கடையில் திறக்க விடாதீர்கள், திறந்தால் வாரண்டி இல்லை என்று சொல்ல அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.