டர்போவைக் கழட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் இருங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில டர்போ பத்தியே நிறைய இருக்கு, அதனால கியர்பாக்ஸ், பிரேக் பத்தி கேட்டவங்க கோவிச்சுக்காம அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே வணக்கம். என்னோடது பழைய 6 சிலிண்டர் டர்போ டீசல் லாரி, இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியா டீசல் அனுப்பற பழைய வகை), கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ரெண்டு மாசமா ஐட்லிங்ல நின்னா வண்டி உதறுது, சைடு கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி ரெண்டு ரெண்டா தெரியுது. காலைல ஸ்டார்ட் பண்ணா கண்ணு எரியுற மாதிரி வெள்ளைப்புகை, கொஞ்ச நேரத்துல நின்னுடும். லோடோட மேடு ஏறுனா கறும்புகை, முன்னாடி மூணாவது கியர்ல ஏறுன மேட்டுக்கு இப்ப ரெண்டாவது போட வேண்டியிருக்கு. ஏர் ஃபில்டர் டீசல் ஃபில்டர் ரெண்டும் மாத்திட்டேன், ஒண்ணும் மாறல. மெக்கானிக் டர்போ போயிடுச்சு மாத்திடலாம்ங்கறாரு. மாத்தலாமாண்ணே?

பதில்: இப்போதைக்கு வேணாம் தம்பி. ஏன்னு சொல்றேன். டர்போன்றது சைலன்சர் பக்கம் போற புகையோட வேகத்துல சுத்துற ஒரு காத்தாடி, அவ்ளோதான். ஐட்லிங்ல புகையும் கம்மி சூடும் கம்மி, அதனால அது சும்மா மெதுவா சுத்திட்டு இருக்கும், பூஸ்ட், அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள அழுத்தித் தள்ற காத்து, கிட்டத்தட்ட பூஜ்ஜியம். அப்ப இன்ஜினுக்கு டர்போ இருக்கறதும் ஒண்ணுதான் இல்லாததும் ஒண்ணுதான். ஆக ஐட்லிங்ல வண்டி உதறுதுன்னா பழி டர்போ மேல போகக்கூடாது, ஏதோ ஒரு சிலிண்டர் ஒழுங்கா எரியலன்னுதான் அர்த்தம். நான் தொழில் கத்துக்கிட்ட புதுசுல இதே மாதிரி ஒரு வண்டிக்கு டர்போவ கழட்டி மாட்டி, கழட்டி மாட்டி ஒரு வாரம் வீணாக்கிருக்கேன், கடைசில பாத்தா நாசில், அதாவது சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கற இன்ஜெக்டரோட முனை.

உங்க வண்டிக்கும் எனக்கு முதல் சந்தேகம் நாசில் மேலதான், ஏன்னா நீங்க சொன்ன மூணு குறையையும் ஒரே ஒரு ஒழுகுற நாசில் தனியா செஞ்சுடும். டீசல் பனி மாதிரி தெறிக்காம சொட்டு சொட்டா விழுந்தா காலைல இன்ஜின் குளிர்ந்து இருக்கும்போது அது எரியாம அப்படியே வெளிய வரும், அதான் அந்த கண்ணு எரியற வெள்ளைப்புகை. சூடானப்புறம் பாதி எரியும், ஐட்லிங் உதறும். லோடுல கறும்புகையா தள்ளும்.

எந்த சிலிண்டர்னு கண்டுபிடிக்கறது சுலபம். வண்டி சூடானதும் ஐட்லிங்ல விட்டுட்டு, இன்ஜெக்டர் தலைல இருக்கற பைப் நட்டு மேல ஒரு துணிய போட்டு மூடி, ஸ்பேனர்ல அரை சுத்து லூஸ் பண்ணுங்க. அந்த சிலிண்டருக்கு டீசல் போகாது. நல்ல சிலிண்டரா இருந்தா உடனே சத்தம் மாறும், உதறல் அதிகமாகும், இறுக்குனா பழையபடி வந்துடும். ஒண்ணு, ரெண்டுன்னு வரிசையா போங்க. எதை லூஸ் பண்ணும்போது இன்ஜின் சத்தத்துல ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் சோம்பேறி, அவன் முன்னாடியும் வேலை செய்யல இப்பவும் செய்யல. கை விரல நட்டு பக்கத்துல வைக்காதீங்க, பழைய பம்பா இருந்தாலும் அதுல வர்ற டீசல் தோல கிழிச்சு உள்ள போயிடும். சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜின் புகை வெளிய போற குழாய்த் தொகுதி) மேல டீசல் கொட்டவும் விடாதீங்க, தீ பிடிச்சுக்கும். இது இன்லைன் பம்ப் வண்டிக்கு மட்டும்தான், காமன் ரெயில்காரங்க (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாய்ல இருந்து டீசல் போற, கம்ப்யூட்டர் வச்ச வண்டி) கீழ மூணாவது கேள்வியப் படிக்காம ஸ்பேனர் எடுக்கக்கூடாது.

அவன் யாருன்னு தெரிஞ்சதும் நிறைய பேரு நேரா நாசில் செட்டு மொத்தமா மாத்திடுவாங்க. அவசரப்படாதீங்க. அந்த இன்ஜெக்டர கழட்டி நல்லா ஓடுற பக்கத்து சிலிண்டருக்கு மாத்தி மாட்டுங்க, அதோடத இதுல போடுங்க. திரும்ப அதே நட்டு லூஸ் பண்ற சோதனை. குறை இன்ஜெக்டர் கூடவே அந்த சிலிண்டருக்கு போயிடுச்சுன்னா இன்ஜெக்டர் பழுது, பம்ப் பெஞ்சுல (பம்பு, இன்ஜெக்டர் சோதிக்கற கடைல) கொடுத்து பிரஷர் பாத்து நாசில் மாத்துங்க. குறை போகாம அதே சிலிண்டர்லயே உக்காந்துருந்தா இன்ஜெக்டர் நிரபராதி, அப்ப டேப்பட் இடைவெளி (வால்வுக்கும் அத அழுத்தற பாகத்துக்கும் நடுவுல இருக்கற சந்து), வால்வு, கம்ப்ரெஷன் (சிலிண்டர் காத்த அழுத்தற பலம்), இல்லன்னா பம்புல அந்த லைனோட டெலிவரி வால்வுன்னு பாக்கணும். கம்ப்ரெஷன் பாக்கும்போது ஒரு சிலிண்டர் எவ்ளோ காட்டுதுன்றத விட ஆறும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுதான்றதுதான் முக்கியம், அஞ்சு சிலிண்டர் 28 பார் காட்டி ஒண்ணு மட்டும் 20 காட்டுனா கதை அங்கயே முடிஞ்சுது.

இன்ஜெக்டர் கழட்டும்போது ஒண்ணு கட்டாயம் பாருங்க. அடில ஒரு செம்பு வாஷர் இருக்கும். இன்ஜெக்டர் வெளிய வர்றப்ப சில நேரம் பழைய வாஷர் ஹெட்டு குழிக்குள்ளயே ஒட்டிக்கும், கார்பன் மூடி கறுப்பா இருக்கறதால கண்ணுக்கே தெரியாது, அது மேலயே புதுசையும் போட்டு இறுக்கிடுவாங்க. ரெண்டு வாஷர் சேர்ந்து நாசில் முனைய மேல தூக்கிடும், டீசல் பிஸ்டன் குழில விழாம ஓரத்துல அடிக்கும், நாசில் புதுசு ஆனா புகை பழசு. டார்ச் அடிச்சு, வளைஞ்ச கம்பிய விட்டு நோண்டிப் பாருங்க. எத்தனையோ வண்டில ரெண்டு வாஷர எடுத்துருக்கேன், ஒண்ணுல மூணு இருந்துது!

இன்னொரு விஷயம். சில சமயம் ரெண்டு குறை ஒண்ணா சேர்ந்து ஒரே குறை மாதிரி நடிக்கும். நாசில் சரி பண்ணி ஐட்லிங் உதறல் நின்ன பிறகும் மேட்டுல இன்னும் இழுவை இல்லன்னா அப்பதான் காத்து பக்கம் வரணும். இதுக்கு ஒரு கணக்கு இருக்கு: புகை நிறைய, இழுவை இல்லன்னா டீசல் போகுது, காத்துதான் பத்தல. புகையே இல்லாம இழுவை இல்லன்னா காத்து இருக்கு, டீசல்தான் பத்தல. முதல் வகைக்கு டர்போல இருந்து இன்டர்கூலர் (டர்போ அனுப்பற சூடான காத்த குளிர வைக்கற ரேடியேட்டர்), அங்கேருந்து இன்ஜின் வரைக்கும் போற ரப்பர் ஹோஸ் எல்லாத்தையும் கிளாம்ப லூஸ் பண்ணி திருப்பிப் பாருங்க. மேல நல்லா இருக்கும், அடிப்பக்கம் எண்ணெய் பட்டு ஊறி வெடிச்சுருக்கும், நின்னுட்டு பாத்தா தெரியாது, லோடுல பூஸ்ட் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். டர்போ வாய மூடி அரை பார்ல இருந்து ஒரு பாருக்குள்ள கம்ப்ரசர் காத்து விட்டு சோப்பு தண்ணி அடிச்சா குமிழ் காட்டிக் கொடுத்துடும். அதோட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஓரத்துல கரி கோடு இருக்கா பாருங்க, டர்போவ சுத்தற புகை அந்த விரிசல் வழியா வெளிய போனா அது எப்படி சுத்தும்.

ரெண்டாவது வகைல எல்லாரும் மறந்துடற ஆளு ஒருத்தன் இருக்கான். பம்பு கவர்னர் (டீசல் அளவ கட்டுப்படுத்தற பாகம்) மேல வட்டமா ஒரு டப்பா, இன்டேக் மேனிஃபோல்டுல இருந்து அதுக்கு ஒரு சின்ன குழாய். பூஸ்ட் ஏறும்போதுதான் கூட டீசல் விடுங்கன்னு பம்புக்கு சொல்றது அது. அந்த குழாய் அடைச்சாலோ உள்ள இருக்கற ரப்பர் டயாஃப்ரம் கிழிஞ்சாலோ டர்போ எவ்ளோ ஊதினாலும் பம்புக்கு சேதி போகாது, வண்டி புகையில்லாம ஆமை மாதிரி ஏறும். சுண்டு விரல் தடி குழாய் அது, அதுக்காக எத்தனை நல்ல டர்போ ஸ்க்ராப்புக்கு போயிருக்குன்னு நினைச்சா வயிறு எரியுது.

சிலிண்டர் எல்லாம் ஒழுங்கா எரியுதான்னு தெரிஞ்சுக்க சைலன்சர் முனைல பேப்பர் வச்சு படபடக்குதா பாக்கற பழைய டெக்னிக்க யாராவது சொல்லுவாங்க. டர்போ இல்லாத வண்டில அது வேலை செய்யும். டர்போ வண்டில சிலிண்டர் சிலிண்டரா வர்ற துடிப்ப டர்பைன் வாங்கிட்டு சமமா வெளிய விட்டுடும், அத நம்பாதீங்க.

கேள்வி: சார், என் வண்டி காலைல கை பம்ப் அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகுது, ஓடும்போதும் திடீர்னு மிஸ்ஸிங் அடிச்சு திரும்ப சரியாயிடுது. டேங்க்ல இருந்து பம்பு வரைக்கும் எங்கயும் டீசல் ஒழுகல, தரையும் காய்ஞ்சுதான் இருக்கு. அப்புறம் எங்க தப்பு?

பதில்: ஒழுகலைன்றதாலதான் ஏமாந்து போறோம். டேங்க்ல இருந்து ஃபீடு பம்பு (டீசல உறிஞ்சி பெரிய பம்புக்கு அனுப்பற சின்ன பம்பு) வரைக்கும் இருக்கற லைன் உறிஞ்சற லைன், அதுல ஓட்டை இருந்தா ஓடும்போது டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும். ராத்திரி நிறுத்தும்போது டீசல் மெதுவா டேங்குக்கே திரும்பிடும், அதான் காலைல கை பம்ப். ஃபீடு பம்புக்கு முன்னாடி ஒரு முழம் கண்ணாடி மாதிரி ஹோஸ் போட்டு ஓட்டிப் பாருங்க, குமிழ் குமிழா போனா ஏர் எடுக்குது. அப்புறம் சின்ன கேன்ல சுத்தமான டீசல் ஊத்தி பம்பை விட உயரத்துல கட்டி அதுல இருந்து நேரா ஃபீடு பம்புக்கு கொடுங்க. அதுல வண்டி கும்முனு ஓடுனா குறை டேங்குக்கும் ஃபீடு பம்புக்கும் நடுவுல, அப்பவும் மிஸ்ஸிங்னா அதுக்கு மேல. ஃபில்டர் மாத்துனதுக்கு அப்புறம் ஆரம்பிச்ச குறைன்னா முதல்ல பேஞ்சோ போல்ட் (டீசல் பைப்ப மாட்டற, நடுவுல ஓட்டை உள்ள போல்ட்) வாஷர பாருங்க, பழசையே திருப்பிப் போட்டுருப்பாங்க. டேங்குக்குள்ள இருக்கற பைப்புல விரிசல் இருந்தா டேங்க் நிறைய இருக்கறப்ப வண்டி நல்லா ஓடும், பாதி ஆனதும் இழுக்கும், இப்படி ஒரு வண்டிகிட்ட நான் மூணு நாள் தோத்துருக்கேன்.

கேள்வி: நான் ஓட்டறது காமன் ரெயில் இன்ஜின். நட்ட லூஸ் பண்ணி சிலிண்டர் பாக்கற சோதனை இதுக்கும் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த பைப்புல 1,600 பார், சிலதுல 2,000-த்துக்கும் மேல பிரஷர் நிக்குது. லூஸ் பண்ண நொடில வர்ற டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசி, கையுறையோட சேர்த்து கைக்குள்ள போயிடும், வெளிய ஒரு புள்ளிதான் தெரியும், உள்ள சதை அழுகும், கைய வெட்டி எடுக்கற வரைக்கும் போகும். பட்டுட்டா வலிக்கலைன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும், டீசல் உள்ள போயிடுச்சுன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லணும். உங்களுக்கு ஸ்கேனர் இருக்கு, அதுலயே ஒவ்வொரு இன்ஜெக்டரா கட் பண்ணிப் பாக்கலாம், ரிட்டர்ன் லைன்ல பாட்டில் மாட்டி எது நிறைய திருப்பி விடுதுன்னும் பாக்கலாம்.

கேள்வி: டர்போ ஷாஃப்ட கையால ஆட்டிப் பாத்தேன், ஆடுது. போயிடுச்சா? இன்டர்கூலர் ஹோஸ்குள்ள எண்ணெயும் இருக்கு.

பதில்: எந்தப் பக்கம் ஆடுதுன்றதுதான் கேள்வி. மேல கீழ, பக்கவாட்டுல லேசா ஆடறது இயற்கை, ஏன்னா ஷாஃப்ட தாங்கற புஷ் எண்ணெய் மேல மிதக்கற மாதிரிதான் செஞ்சுருக்காங்க, எண்ணெய் பிரஷர் வந்ததும் நடுவுக்கு வந்துடும். முன்னாடி பின்னாடி இழுத்து தள்ளும்போது டக் டக்குனு கைக்குத் தெரியற அளவுக்கு ஆடக்கூடாது. காத்தாடி இறக்கை ஹவுசிங்ல உரசின பளபளப்பு இருந்தாலும் முடிஞ்சுது, லோடுல நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்து கிட்ட போற சாமான் அது.

ஹோஸ்ல எண்ணெய் பூசின மாதிரி இருந்தா பயப்பட வேணாம், தேங்கி நின்னா கவனிக்கணும். அப்பவும் முதல்ல டர்போ அடில இருக்கற எண்ணெய் ரிட்டர்ன் பைப் மடிஞ்சுருக்கா, கேஸ்கெட் பேஸ்ட் பிதுங்கி அடைச்சுருக்கா, இன்ஜின் பிரீதர்ல (இன்ஜின் உள்ள சேர்ற காத்து வெளிய போற குழாய்) புகை தள்ளுதான்னு பாருங்க. எண்ணெய் கீழ இறங்க வழி இல்லன்னா புது டர்போவும் ஒழுகும். நிஜமாவே நிறைய எண்ணெய் போகுதுன்னா சரி பண்ற வரைக்கும் ஓட்டாதீங்க, இன்ஜின் அந்த எண்ணெயவே குடிச்சு தானா ரேஸ் ஏறும், சாவிய திருப்புனாலும் நிக்காது. அப்படி ஆச்சுன்னா பெரிய கியர்ல போட்டு பிரேக்க முழுசா மிதிச்சு கிளட்ச விடணும், இல்லன்னா காத்து வாய பலகையால மூடணும், கைய வைக்காதீங்க.

கேள்வி: புது டர்போ மாட்டி நாலே நாள்ல சத்தம் போடுது, டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம். ஆனா மாட்டுனவரு எண்ணெய் ஊத்தி மாட்டுனாரான்னு முதல்ல கேளுங்க. மாட்டறதுக்கு முன்னாடி மேல ஓட்டைல எண்ணெய் ஊத்தி கையால சுத்திவிட்டு, டீசல கட் பண்ணி வச்சு செல்ஃப் அடிச்சு ரிட்டர்ன் பக்கம் எண்ணெய் வர்றத கண்ணால பாத்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும். ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்துல வ்ரூம் வ்ரூம்னு ரேஸ் கொடுத்துருந்தா புஷ் அங்கயே தேஞ்சுருக்கும். அதே மாதிரி லோடு இழுத்துட்டு வந்து நிறுத்துன உடனே ஆஃப் பண்ணாம ரெண்டு மூணு நிமிஷம் ஐட்லிங்ல விடுங்க, இல்லன்னா சூட்டுல எண்ணெய் உள்ளயே கருகி கரியா ஒட்டிக்கும். ஆஃப் பண்றதுக்கு முன்னாடி ஒரு ரேஸ் கொடுத்து சாவிய திருப்பற பழக்கம் இருக்கறவங்க அத இன்னைக்கே விட்டுடுங்க, இன்ஜின் நின்னதும் எண்ணெயும் நின்னுடும், டர்போ மட்டும் எண்ணெய் இல்லாம சுத்திட்டு இருக்கும்.

கேள்வி: போன தடவை இன்ஜின் உதறுதுன்னு எழுதியிருந்தேன், நாசில் பாக்க சொன்னீங்க. ஆறையும் பாத்தாச்சு, எல்லாம் நல்லா இருக்குங்கறாங்க. இன்னும் உதறுது அண்ணே.

பதில்: பானெட்ட தூக்கிட்டு கண்ண மூடி சத்தத்த மட்டும் கேளுங்க. சத்தம் ஒரே தாளத்துல சீரா இருக்கா? அப்ப இன்ஜின் நல்லாதான் எரியுது, அத தாங்கற ரப்பர் மவுண்ட்தான் நசுங்கிப் போயிருக்கும். கடப்பாரைய வச்சு இன்ஜின லேசா நெம்பிப் பாருங்க, இரும்பும் இரும்பும் இடிக்கற சத்தம் வந்தா அந்த மவுண்ட மாத்திட்டு எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்க.