கறுப்புப் பூனையைப் படம் எடுக்க எவ்வளவு செலவிடலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு கறுப்புப் பூனை வளர்கிறது. அம்மாவின் பிறந்தநாளுக்கு அதன் படத்தைச் சட்டமிட்டுக் கொடுக்க ஆசை. ஸ்டூடியோ கட்டணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. கைப்பேசியில் எடுத்தால் பூனை வெறும் கருந்திட்டாக விழுகிறது. வளைய விளக்கு, திரை, தாங்கி அடங்கிய தொகுப்பு இணையத்தில் 89 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பழைய கேமரா ஒன்று 350 வெள்ளிக்குக் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகி, ஈசூன்

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். உங்கள் படத்தில் குறைவது வெளிச்சம். அது சன்னல் வழியே காசில்லாமல் வருகிறது.

வளைய விளக்கு பூனைக்குப் பொருந்தாது. பளபளக்கும் பெரிய விழிகளில் அந்த வட்டம் அப்படியே பதிந்துவிடும், பார்வையின் உயிர் போய்விடும். ஃபிளாஷ் இன்னும் மோசம். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் கண்கள் பச்சையாக எரியும்.

வெயில் நேரடியாக விழாத சன்னலைத் தேர்ந்தெடுங்கள். வலை அடிக்காத சன்னல் என்றால் மூடியே வைத்திருங்கள். படத்தைவிட பூனை முக்கியம். அறை விளக்குகளை அணைத்துவிடுங்கள், இரு நிற வெளிச்சம் கலந்தால் பிறகு திருத்துவது பெரும்பாடு. பூனை சன்னலுக்குப் பக்கவாட்டில், ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும். மறுபக்கம் ஒரு வெள்ளை அட்டைப் பலகையைச் சாய்த்து வையுங்கள். எழுதுபொருள் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். கறுப்பு ரோமம் ஒளியை விழுங்கக்கூடியது. பக்கத்திலிருந்து வரும் மென்மையான வெளிச்சத்தில்தான் அதன் மடிப்பும் மினுமினுப்பும் தெரியும்.

பின்னால் வெள்ளைச் சுவர் வேண்டாம். சுவரின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கைப்பேசி தன்னைச் சரிசெய்துகொண்டு, பூனையை மேலும் இருட்டாக்கிவிடும். உங்கள் கருந்திட்டுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். லிட்டில் இந்தியாவிலுள்ள தேக்கா நிலைய மாடியில் துணிக்கடைகள் இருக்கின்றன. சாம்பல் அல்லது அடர்பச்சை நிறத்தில், பளபளப்பில்லாத துணி இரண்டு மீட்டர் போதும்.

லென்ஸைத் துடைத்துவிட்டுத் தரையில் அமர்ந்து, பூனையின் கண்மட்டத்துக்குக் கைப்பேசியைக் கொண்டு வாருங்கள். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகிவிடும், சற்று விலகி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். கண்ணில் தொட்டுக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைச் சிறிது கூட்டுங்கள். பின்னணியை மங்கலாக்கும் ‘போர்ட்ரெய்ட்’ வசதியை அணைத்துவிடுங்கள், பல கைப்பேசிகளில் அது மீசையைப் பின்னணி என்று நினைத்து அழித்துவிடுகிறது. மீசையில்லாத பூனையை அம்மாவுக்குக் கொடுக்க முடியுமா? தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுங்கள். பூனை எழுந்து போனால் விட்டுவிடுங்கள்; இழுத்து வந்து உட்கார வைத்தால் காதுகள் பின்னால் மடங்கியே இருக்கும்.

திருத்துவதற்கு ஸ்நாப்சீட் என்ற செயலி போதும், இலவசம். நிழற்பகுதியைக் கொஞ்சம் உயர்த்துங்கள். ரோமம் சாம்பலாகத் தெரியத் தொடங்கும்போது நிறுத்திவிடுங்கள். கண்களை மட்டும் தனியே சற்று வெளிச்சமாக்கலாம். ‘ஏழு நாள் இலவசம்’ என்று சொல்லி வங்கி அட்டை எண் கேட்கும் செயலிகள் பக்கம் போகாதீர்கள். ரத்து செய்ய மறந்தால் எட்டாம் நாளே பணம் பிடிக்கப்படும்.

மிச்சப்பட்ட பணத்தை அச்சுக்கும் சட்டத்துக்கும் செலவிடுங்கள், வருடக்கணக்கில் சுவரில் இருக்கப்போவது அதுதான். ஏ4 அளவுக்கு 2480 x 3508 பிக்சல் இருந்தால் அச்சு துல்லியமாக வரும். 12 மெகாபிக்சல் கைப்பேசிப் படம், அதிகம் வெட்டாவிட்டால், தாராளம். கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். திரையைவிட அச்சு இருட்டாகவே வரும். ஆகவே முதலில் 4ஆர் (4 x 6 அங்குல) அளவில் ஒன்று அச்சிட்டுப் பாருங்கள். கறுப்புப் பூனைக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

இன்னொன்று. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனைகள் வரை வளர்க்க அனுமதி உண்டு. உரிமமும், தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் வேண்டும். உரிமமும் சிப்பும் இருந்தால், படத்தைத் தயங்காமல் வரவேற்பறையிலேயே மாட்டலாம்.

கேள்வி: நாய்க்குட்டியைப் படமெடுக்க ஒருவரிடம் இணையம் வழியாகப் பழைய லென்ஸ் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் உள்ளே பூஞ்சை. குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் ‘லெமன் சட்டம்’ உதவுமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: உதவாது. அந்தச் சட்டம் வணிகரிடம் வாங்கிய பொருளுக்கு மட்டுமே. கடையில் வாங்கியிருந்தால், பழைய பொருளானாலும், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். விற்றவர் ‘பூஞ்சை இல்லை’ என்று எழுதியிருக்கிறாரா என்று உங்கள் உரையாடலைப் பாருங்கள். எழுதியிருந்தால் அதை வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அடுத்த முறை லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து, மறுமுனை வழியாகப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் வளரும். அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு சேர்த்து வைக்காதீர்கள்.