சிஸ்டம் வாங்கச் சொல்கிறது, வாங்கலாமா? ப்ளானிங் கேள்வி பதில்

கோவைப் பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளில் ப்ளானிங், பர்ச்சேஸ் பார்க்கிறவர்கள் கேட்டவை இவை. எம்.ஆர்.பி. (எந்தப் பொருள் எப்போது, எவ்வளவு தேவை என்று கணக்கிடும் ப்ளானிங் புரோகிராம்) ஓடி முடிந்ததும் "வாங்கு", "முன்னே கொண்டு வா", "தள்ளிப் போடு", "ரத்து செய்" என்று சிஸ்டம் சொல்கிறதே, அதை எந்த அளவுக்கு நம்புவது என்பதுதான் பெரும்பாலான கேள்விகளின் சாரம். எஸ்.ஏ.பி. மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதிகம் என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே. மற்ற மென்பொருள்களில் பெயர் மாறும், கணக்கு மாறாது.

கேள்வி: சார், இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழலும் சக்கரம்) வார்ப்பு 500 கையில் இருக்கிறது. வாரம் 150தான் செலவு. ஆனாலும் இன்றைக்கே 600 பீஸுக்கு பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடு என்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டாக் இருக்கும்போது எதற்கு?

அவசரத்துக்கு என்று ஒதுக்கி வைக்கும் சேஃப்டி ஸ்டாக் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டதற்கு 200 என்றீர்கள். விஷயமே அங்கேதான். சிஸ்டத்தைப் பொறுத்தவரை அந்த 200 உங்கள் கையில் இல்லை. பேப்பரில் போட்டுப் பாருங்கள்: முதல் வாரக் கடைசியில் 350, இரண்டாம் வாரம் 200, மூன்றாம் வாரம் 50. மூன்றாம் வாரம் 200க்குக் கீழே போகிறது, அதனால் அந்த வாரம் சரக்கு வந்தாக வேண்டும். லீட் டைம் (ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வரும்வரை ஆகும் காலம்) மூன்று வாரம், ஆகவே ஆர்டர் இன்றைக்கு. தேவை 150தான் என்றாலும் லாட் சைஸ் (ஒரு தடவைக்கு வாங்கும் அளவு) 600 என்று இருப்பதால் 600. எங்கேயும் மாயம் இல்லை. இந்தப் பரிந்துரை சரி, போடுங்கள்.

எஸ்.ஏ.பி.யில் ஒரு பொருளின் ஸ்டாக்கையும் தேவைகளையும் காட்டும் எம்.டி.04 திரையைத் திறந்தால் இதே கணக்குதான் வரிவரியாக இருக்கும். கீழே இறங்கிக்கொண்டே வாருங்கள். சேஃப்டி ஸ்டாக்கைக் கழித்த மீதி எந்த வரியில் முதல் முறையாக மைனஸுக்குப் போகிறதோ அங்கே நிறுத்துங்கள். அந்த வரிக்கான தேவை எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கேள்வி: அதே ஐட்டம் சார். பி.ஓ. போட்டு இரண்டே நாள்தான். சிவப்பில் "ஒரு வாரம் முன்னே கொண்டு வா" என்கிறது. ஃபவுண்ட்ரிக்காரர் சிரிக்கிறார்.

சிரிக்கத்தான் செய்வார். நீங்கள் அனுப்பிய திரையில் ஒரு புதிய வரி இருக்கிறது: யாரோ ஒரு டீலருக்கு இரண்டாம் வாரத்தில் 10 பம்ப். அவ்வளவுதான். இரண்டாம் வாரக் கடைசியில் சரியாக 200ல் நின்ற மீதி இப்போது 190 ஆகிறது. சேஃப்டிக்குக் கீழே 10 பீஸ் போனதற்காக 600 பீஸ் லாட் முழுவதையும் முன்னே இழுக்கச் சொல்கிறது. ஷெட்டில் 190 வார்ப்பு கிடக்கிறது, யாருடைய லைனும் நிற்கப்போவதில்லை.

சேஃப்டி ஸ்டாக் வைப்பதே இந்த மாதிரி பத்து இருபதைத் தாங்கத்தான். அதைத் தொட்டதும் சிஸ்டம் கத்தும், பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் அதே குரலில்தான் கத்தும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது உங்கள் வேலை. எஸ்.ஏ.பி.யில் சேஃப்டி ஸ்டாக்கில் இத்தனை சதவீதத்தைப் ப்ளானிங்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று வைக்க வழி உண்டு. இத்தனை நாளுக்குள் வரும் மாற்றத்துக்கு மெசேஜ் வேண்டாம் என்று டாலரன்ஸும் வைக்கலாம். பல கம்பெனிகளில் ஆரம்பத்தில் கன்சல்டன்ட் வைத்துவிட்டுப் போனதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஐ.டி. ஆட்களிடம் கேளுங்கள்.

இந்த ஆட்டம் மேலே சிறிதாகவும் கீழே பெரிதாகவும் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். பம்ப்பில் பத்து மாறினால் இம்பெல்லரில் ஒரு லாட் நகரும், அதற்குக் கீழே உள்ள மூலப்பொருளிலும் ஒரு லாட் நகரும். அதனால் மெசேஜ்களைக் கீழ்மட்டத்திலிருந்து தீர்க்க ஆரம்பிக்காதீர்கள். அசெம்பிளி மட்டத்தில் ஒன்றைச் சரிசெய்தால் அடியில் பல தானாக மறையும்.

கேள்வி: காலையில் வந்தால் நூற்றுக்கணக்கில் மெசேஜ். எதை முதலில் பார்ப்பது?

தேதி கடந்துபோன ஆர்டர்களை. வேறு எதையும் தொடாதீர்கள். போன மாதம் வர வேண்டிய பி.ஓ. இன்னும் திறந்தே இருக்கிறது என்றால், சிஸ்டம் அந்தச் சரக்கு எந்த நிமிடமும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போடும். வெண்டர் ஒரேயடியாகக் கைவிரித்த ஆர்டராகக்கூட இருக்கலாம், அதற்குத் தெரியாது. தேதியை மாற்றுங்கள், அல்லது மூடுங்கள். 40 பீஸ் வந்து 2 பீஸ் பாக்கி என்று தொங்குகிற பி.ஓ.க்களையும் அப்படியே.

அப்புறம் எம்.ஆர்.பி.யை மறுபடி ஓட்டிவிட்டுப் பட்டியலைப் பாருங்கள். அதன் பிறகு இந்த வாரம் உண்மையிலேயே பூஜ்யத்துக்குக் கீழே போகிறவை. மற்றவை மதியத்துக்கு மேல்.

கேள்வி: வெண்டர் எப்போதும் லேட். லீட் டைமை மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரமாக்கிவிடலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. எட்டாக்கிய மறுநாளே ஐந்து வாரத்து ஆர்டர்கள் ஒரே மூச்சில் கிளம்பும். அந்த வெண்டரிடம் குவியும், அவர் இன்னும் லேட் ஆவார், நீ பத்தாக்குவாய். இதற்கு முடிவே கிடையாது.

கடைசி ஒரு வருஷத்து ஜி.ஆர்.என்.களை (சரக்கு வந்து சேர்ந்ததற்கான ரசீதுகளை) எடுத்து, பி.ஓ. தேதியிலிருந்து சரக்கு வந்த தேதி வரை எத்தனை நாள் என்று வரிசைப்படுத்து. நடுவில் இருக்கிற எண்தான் உன் லீட் டைம். அதற்கு மேல் ஆடுகிற ஆட்டத்தை சேஃப்டி ஸ்டாக்கில் ஏற்று. இன்னொன்றையும் பார்த்துவிடு. எஸ்.ஏ.பி.யில் வெண்டர் டெலிவரி நாள்கள் காலண்டர் நாள்கள். சரக்கு வந்தபின் இன்ஸ்பெக்ஷனுக்கு என்று வைக்கும் நாள்களும், உள்ளே தயாரிக்கும் நாள்களும் வேலை நாள்கள். இது தெரியாமல் மூன்று வாரத்துக்கு 18 என்று போட்டு வைத்திருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டார்களாம். ஒவ்வொரு ஆர்டரும் மூன்று நாள் லேட்டாகத்தான் கிளம்பும். தீபாவளிக்கு ஊருக்குப் போன வடமாநில ஆட்கள் திரும்பி வரும்வரை ஃபவுண்ட்ரியில் உலை முழுதாக ஓடாது என்பதும் சிஸ்டத்துக்குத் தெரியாது. அந்த மாதத்து ஆர்டரை நீதான் கையால் முன்னே போட வேண்டும்.

கேள்வி: ஒரு கன்ட்ரோல் பேனலுக்கு சேஃப்டி ஸ்டாக் 132 என்று இருந்ததை இந்த மாதம் 297 ஆக்கச் சொல்கிறது. விற்பனை ஒன்றும் அப்படி ஏறவில்லையே?

விற்பனை ஏற வேண்டியதில்லை, ஆடினால் போதும். வழக்கமான சூத்திரம்: சர்வீஸ் லெவலுக்கான எண், பெருக்கல் வாராந்திரத் தேவையின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து எவ்வளவு ஆடுகிறது என்பதன் அளவு), பெருக்கல் லீட் டைமின் வர்க்கமூலம். 95 சதவீதத்துக்கு எண் 1.65. விலக்கம் 40, லீட் டைம் நாலு வாரம் என்றால் 1.65 × 40 × 2 = 132. விலக்கம் 90 ஆனால் 297. நீங்கள் சொன்ன இரண்டு எண்ணும் அப்படியே வந்துவிட்டன, பாருங்கள்.

விலக்கம் ஏன் 90 ஆனது? ஏதாவது அரசு டெண்டருக்கு ஒரே வாரத்தில் மொத்தமாகப் போயிருக்கும், வரலாற்றைப் பாருங்கள். அப்படியென்றால் அந்த வாரத்தைக் கணக்கிலிருந்து தனியே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மாதம் முன்பே தெரிந்த டெண்டருக்கு சேஃப்டி ஸ்டாக் எதற்கு? மாறாக, டீலர்களே முன்பைவிடத் தாறுமாறாக வாங்க ஆரம்பித்திருந்தால் 297 சரியான எண்தான், கசந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

95 சதவீதம் என்றால் நூறு பீஸ் கேட்டால் 95 கிடைக்கும் என்று அர்த்தமில்லை. ஒரு ஆர்டர் போட்டு அடுத்த சரக்கு வரும்வரை தீர்ந்துபோகாமல் இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் என்பதே பொருள். மேனேஜ்மென்ட் மீட்டிங்கில் இதைக் குழப்பிக்கொண்டு சண்டை போடுவது வழக்கம்.

கேள்வி: புதிதாக ஏ.ஐ. மாட்யூல் வாங்கியிருக்கிறோம். ஏப்ரல் விற்பனைக்கான கணிப்பு 1340 என்கிறது, காரணம் சொல்வதில்லை. பழைய எம்.ஆர்.பி.யிலாவது வரிகள் இருந்தன.

உங்கள் வருத்தம் நியாயமானது. 1960களில் அமெரிக்காவில் ஜோசப் ஓர்லிக்கி போன்றவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றிய எம்.ஆர்.பி. வெறும் கூட்டல் கழித்தல், யாரும் கையால் சரிபார்க்கலாம். உங்கள் ஏ.ஐ. மாட்யூலோ பழைய விற்பனையிலிருந்து கற்றுக்கொண்டு ஊகிக்கிறது. அதனால் என்ன காரணம் என்று அதைக் கேட்பதைவிட எதைப் பார்த்துக் கற்றது என்று கேளுங்கள்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு. விற்பனை ஏறக்குறைய இல்லை. பம்ப்புக்கு ஏப்ரல்தான் சீசன். அந்த ஏப்ரலையும் சாதாரண ஏப்ரலாக நினைத்துக் கற்றிருந்தால் உங்களுக்குக் குறைத்துத்தான் சொல்லும். இதைவிட நயவஞ்சகமானது ஸ்டாக் இல்லாத மாதம். சரக்கு இல்லாமல் டீலரைத் திருப்பி அனுப்பிய மாதத்தில் பில் பூஜ்யம். மாட்யூல் அதைத் தேவை பூஜ்யம் என்று படிக்கும், அடுத்த வருஷம் குறைத்து வாங்கச் சொல்லும், மறுபடி சரக்கு இருக்காது. அந்த மாதங்களை யாராவது உட்கார்ந்து குறித்துக் கொடுத்தே ஆக வேண்டும்.

பிறகு ஒரு எளிய பரீட்சை வையுங்கள். போன வருஷம் இதே மாதம் விற்றதை அப்படியே இந்த வருஷக் கணிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் இதையும் மாட்யூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது நிஜத்துக்கு அருகில் வருகிறது என்று பாருங்கள். சும்மா எடுத்த எண்ணையே தோற்கடிக்க முடியாத மாட்யூலுக்கு வருஷ லைசென்ஸ் கட்டுவது வீண்.

கேள்வி: எங்கள் பிளான்ட் ஹெட், சிஸ்டம் சொன்னதில் எத்தனை சதவீதம் ஏற்றோம் என்று மாதாமாதம் கேட்கிறார். 90க்குக் கீழே போனால் திட்டு.

அப்படிக் கேட்டால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டு, அப்புறம் போனில் வெண்டரிடம் வேறு தேதி பேசிக்கொள்வார்கள். சிஸ்டத்தில் ஒரு தேதி, டைரியில் ஒரு தேதி. நிராகரித்தவற்றுக்கு ஒரு வரி காரணம் எழுதி வையுங்கள்: லீட் டைம் தப்பு, ஸ்டாக் தப்பு, ஃபோர்காஸ்ட் தப்பு, இப்படி. மாதக் கடைசியில் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணி அதை அவர் முன்னால் வையுங்கள். ஸ்டாக் தப்பு என்பதே மேலே வந்தால், அந்தத் திட்டு ஸ்டோர்ஸுக்குப் போகட்டும்.