எழுபத்திரண்டு வயதில் இரண்டு பேர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நம் மொரீஷியஸின் போர்ட் லூயியில் பிறந்த விஞ்ஞானி பிரௌன்-செக்காரைப் பற்றி போன மாதம் நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லோரும் படித்தோம். அதுவரை அந்தப் பெயர் எங்களுக்கு போ பாசானில் இருக்கிற மனநல மருத்துவமனையின் பெயர் மட்டும்தான்.

என் மகன் மருந்தியல் படிக்க விண்ணப்பித்திருக்கிறான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மேலும் தேடிப் பார்த்தவன் என்னிடம் வந்து, "அம்மா, இவர் வயதான காலத்தில் மிருகங்களின் விரையை நசுக்கி, அந்தச் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று சொன்னவர். உலகமே சிரித்திருக்கிறது. இவரை எதற்கு நாம் கொண்டாட வேண்டும்?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் வேறு, "ஃபார்மசி வைக்கப் போகிறானா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மருந்தியல் படித்தவருக்கு அப்படி என்ன வேலை? இரண்டுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் கேட்டது சரியான கேள்வி. 1889இல் நடந்த அந்த ஊசி விஷயத்தை என் கட்டுரையில் ஒரே வரியில் தாண்டிப் போயிருந்தேன். நம் தீவின் மனிதர் என்ற பாசத்தில் அப்படிச் செய்துவிட்டேன், அது தவறு. இப்போது அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது பிரௌன்-செக்காருக்கு 72 வயது. பாரிஸில் கொலேஜ் த ஃபிரான்ஸில், உடலியல் மேதை கிளோத் பெர்னார் இருந்த பேராசிரியர் இடத்தில் 1878 முதல் இருந்தவர். உடம்பு தளர்ந்துவிட்டது. சோதனைச்சாலையில் சிறிது நேரம் நின்றாலே உட்கார வேண்டியிருந்தது. நாய், கினிப்பன்றி இவற்றின் விரையை எடுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு நசுக்கி, வடிகட்டி, தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். ஜூன் 1ஆம் தேதி உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து முடிவுகளைச் சொன்னார்: பல மணி நேரம் நின்று வேலை செய்ய முடிகிறது, மாடிப்படியில் வேகமாக ஏற முடிகிறது, கைப்பிடி வலிமையைக் கருவியில் அளந்தால் கூடியிருக்கிறது, சிறுநீர் முன்பைவிடக் கால் பங்கு அதிக தூரம் போய் விழுகிறது. ஆமாம், அதையும் அளந்து எழுதியிருக்கிறார்.

அளந்தார் என்பதை உங்கள் மகன் கவனிக்க வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. ஊசியை நிறுத்தி நான்கு வாரம் ஆனதும் பழைய தளர்ச்சி திரும்பத் தொடங்கியது என்பதையும் அவரே எழுதினார். ஆனால் அந்தச் சாற்றில் ஒன்றும் இருந்திருக்க முடியாது. விரை தன் ஹார்மோனைச் சேர்த்துவைப்பதில்லை, சுரந்த கையோடு இரத்தத்தில் விட்டுவிடுகிறது. அந்த ஹார்மோன் தண்ணீரில் சரியாகக் கரைவதும் இல்லை. 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கரின் குழு அந்த ஹார்மோனை, அதாவது டெஸ்டோஸ்டிரோனை, முதன்முதலாகப் பிரித்தெடுத்தபோது, சுமார் 100 கிலோ காளை விரையிலிருந்து கிடைத்தது 10 மில்லிகிராம்தான். 2002இல் ஆஸ்திரேலியாவில் சில மருத்துவர்கள் பிரௌன்-செக்காரின் செய்முறையை அப்படியே பின்பற்றி நாய் விரையிலிருந்து சாறு எடுத்து அளந்து பார்த்தார்கள். உடம்பில் எந்த மாற்றமும் செய்யப் போதாத அளவுதான் அதில் இருந்தது.

அப்படியானால் அவருக்குத் தெம்பு வந்தது எப்படி? ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கை, சோதனை நடக்கிற நாள்களில் வருகிற உற்சாகம், நல்ல நாளும் கெட்ட நாளும் மாறிமாறி வருகிற முதுமை. இதில் எது எவ்வளவு என்று ஒரே ஓர் உடம்பை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தைப்பூசக் காவடி விரதத்தின்போது என் அத்தையிடமிருந்து தெரிந்துகொண்டேன். அத்தைக்குச் சர்க்கரை வியாதி. கணையத்தைத் தூண்டி இன்சுலினை வரவைக்கிற மாத்திரை சாப்பிட்டுவந்தார். விரதம் என்பதால் ஒரு வேளைச் சாப்பாடுதான். அதற்கு மேல் பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று தினமும் காலையில் மார்கோஸ் சாறு, அதுதான் நம் பாகற்காய், அரைத்துக் குடித்துவந்தார். எட்டாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுப்பப் போனேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது, அவ்வளவு வியர்வை. தொட்டால் சில்லென்று இருந்தது. கண் திறந்திருக்கிறது, ஆனால் என்னை யார் என்று தெரியவில்லை. மாமா சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து விரலால் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் கழித்து, "என்னடா விடிஞ்சிருச்சா?" என்றார் அத்தை.

அன்று டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. "சாறு எவ்வளவு குடிச்சாங்க?" ஒரு டம்ளர் என்றோம். "எந்த டம்ளர்? எத்தனை காய்? சாப்பிடுறதுக்கு எவ்வளவு முன்னாடி?" யாருக்கும் தெரியவில்லை. சர்க்கரையை இறக்கியது விரதமா, மாத்திரையா, மார்கோஸா? மூன்றும் சேர்ந்தா? டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மட்டும், பாகற்காய் எவ்வளவு சக்தியுள்ளது என்று பார்த்தீர்களா என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி, மருந்தியலாளருக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். அந்த டாக்டரின் கேள்விகளுக்குப் பதில் தேடுவதுதான். மருந்துக் கடையில் இருப்பவர் மருந்தாளுநர். எந்த மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்பதில் அவர் கெட்டிக்காரர், அவரும் நமக்கு வேண்டும். மருந்தியலாளரின் வேலை அதற்கு முந்தியது. ஒரு பொருள் உடம்புக்குள் போய் எதைத் தொடுகிறது, எவ்வளவு போனால் என்ன ஆகிறது, உடம்பு அதை எப்படி உடைத்து வெளியேற்றுகிறது, கூடவே இன்னொன்று போனால் என்ன நடக்கும்? மார்கோஸும் மாத்திரையும் சந்திக்கிற இடம் அது.

இதற்கு உங்கள் மகனுக்கு இன்னொரு 72 வயதுக்காரரைக் காட்ட விரும்புகிறேன். ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ். 1903இல் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் வேலை போய், 1934இல் ஸ்காட்லாந்தின் அபர்தீனுக்கு வந்து சேர்ந்தார். இன்சுலினுக்காக நோபல் பரிசு பெற்ற மக்லியோட் அங்கே இருந்தார், அவரிடம் வேலை கிடைத்தது. முதலில் உடம்பு சர்க்கரையை எப்படிக் கையாளுகிறது என்று ஆராய்ந்தவர், பிறகு குடலின் நரம்புகளுக்குப் போனார், அங்கிருந்து அபினுக்குப் போனார். 1973இல் பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றவர் போதை மருந்துகளை ஆராய ஒரு தனிப் பிரிவைத் தொடங்கினார்!

அவருடைய கருவி என்ன தெரியுமா? கினிப்பன்றியின் சிறுகுடலில் ஒரு சிறு துண்டு. நம் பிரௌன்-செக்கார் பயன்படுத்திய அதே பிராணி. நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் இந்தச் சோதனையை நான் ஒரு முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விரல்நீளம் கூட இல்லை. இரண்டு முனையிலும் நூல் கட்டி, உடல்சூட்டில் இருக்கும் உப்புக் கரைசலில் தொங்கவிட்டிருந்தார்கள். அடியிலிருந்து குமிழ் குமிழாக ஆக்சிஜன். பத்து விநாடிக்கு ஒரு முறை மின்சாரம் லேசாகத் தட்டும், துண்டு சுருங்கும், திரையில் ஒரு கோடு எழும். எழுந்து எழுந்து விழுகிற அந்தக் கோடுகள் சீப்பின் பற்கள் மாதிரி இருந்தன. அப்புறம் ஒரு சொட்டு மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கிற மருந்து. பற்கள் குட்டையாகின்றன, இன்னும் குட்டையாகின்றன. குடல் அமைதியாகிவிட்டது. அடுத்து ஒரு சொட்டு நாலாக்சோன், மார்ஃபினின் எதிர்மருந்து. கோடுகள் மறுபடி எழுந்தன. பிராணி இறந்து பல மணி நேரம் ஆகியிருந்தது, ஆனாலும் அந்தச் சிறு துண்டு கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் வாயடைத்துப்போய் நின்றேன்.

செடியில் இருக்கிற மார்ஃபினுக்கு நம் உடம்பில் ஏன் ஒரு பூட்டு இருக்கிறது? அந்தப் பூட்டுக்கு உடம்பே ஒரு சாவி செய்துவைத்திருக்க வேண்டும் அல்லவா? இதுதான் கோஸ்டர்லிட்ஸின் கேள்வி. அவருடன் வேலை செய்த இளைஞர் ஜான் ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிளில் இறைச்சிக்கூடத்துக்குப் போய்ப் பன்றி மூளைகளை வாங்கிவருவார். மூளையிலிருந்து சாறு எடுத்து, அந்தக் குடல் துண்டின்மேலும், சுண்டெலியின் விந்துக்குழாய்மேலும் விட்டுப் பார்த்தார்கள். துடிப்பு அடங்கியது. இங்கேதான் உங்கள் மகன் கொஞ்சம் நிற்க வேண்டும். பிரௌன்-செக்காராக இருந்திருந்தால் அன்றைக்கே மேடை ஏறியிருப்பார். இவர்கள் அடுத்து நாலாக்சோனை விட்டார்கள். துடிப்பு திரும்பியது. அப்படியானால் சாற்றில் இருப்பது மார்ஃபினின் பூட்டைத்தான் தொடுகிறது, வேறு எதனாலோ துடிப்பு அடங்கவில்லை. அதற்குப் பிறகுதான் அது என்ன பொருள் என்று பிரித்தெடுத்தார்கள். ஐந்தைந்து அமினோ அமிலங்கள் கொண்ட இரண்டு சிறு சங்கிலிகள், கடைசிக் கண்ணி மட்டும் வேறு. என்கெஃபலின் என்று பெயர் வைத்தார்கள். 1975 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் அது வெளிவந்தபோது கோஸ்டர்லிட்ஸுக்கு வயது 72.

பிரௌன்-செக்காருக்கும் அபினோடு ஒரு கணக்கு இருந்தது. 1854இல் நம் தீவில் காலரா பரவியபோது அவர் இங்கே இருந்தார். அபின் கரைசல் காலராவைக் குணப்படுத்துமா என்று பார்க்க, நோயாளிகளின் வாந்தியை விழுங்கிவிட்டு, பிறகு அந்தக் கரைசலைக் குடித்தார் என்று அவர் வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். சாவின் விளிம்புவரை போய் வந்தார். ஊர் மக்கள் நன்றியோடு அவருக்குத் தங்கப் பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் அதனால் தெரிந்துகொண்டது என்ன? அபின் குடலை அடக்கும், சரி. காலராவில் கொல்வது உடம்பிலிருந்து நீரும் உப்பும் போய்விடுவது. அதற்கு மருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் என்று தெரிய இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் அவரைக் கொண்டாடத்தான் செய்கிறேன். 1856இலேயே அவர் பிராணிகளின் சிறுநீரகத்துக்கு மேல் இருக்கிற அட்ரீனல் சுரப்பிகளை எடுத்துவிட்டுப் பார்த்து, அவை இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று காட்டினார். சுரப்பிகள் எதையோ இரத்தத்தில் விடுகின்றன, அது குறைந்தால் வெளியிலிருந்து கொடுக்கலாம் என்ற அவருடைய எண்ணம் சரியானது. அவர் விரையில் தேடியது கிடைக்கவில்லை, ஆனால் இரண்டே வருடத்தில், 1891இல், நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை, தைராய்டு வற்றிப்போன 46 வயதுப் பெண்மணிக்கு ஊசியாகக் கொடுத்தார். அந்த அம்மா மேலும் 28 வருடம் வாழ்ந்தார். தைராய்டு தன் ஹார்மோனை வாரக்கணக்கில் சேமித்துவைக்கிற சுரப்பி, அதனால் சாற்றில் சரக்கு இருந்தது. இன்று நம் தீவில் எத்தனை வீட்டுக் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா இருக்கிறது, உங்களுக்கே தெரியும். அதுவும் இந்த எண்ணத்தின் வழியில் வந்ததுதான்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. அவர் எதையும் ஒளிக்கவில்லை. எந்தப் பிராணி, எப்படி நசுக்கினார், எப்படி வடிகட்டினார் என்று எல்லாவற்றையும் அச்சில் போட்டார். வயதான மற்ற ஆய்வாளர்களும் இதைத் தங்கள்மேல் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். டாக்டர்களுக்குச் சாற்றை இலவசமாகவே கொடுத்தார், இளமை மருந்து என்று புட்டியில் அடைத்து விற்றுக் காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அவர் அப்படித் திறந்து எழுதியதால்தான் 113 வருடம் கழித்து ஆஸ்திரேலியாவில் அதே சாற்றை எடுத்து, அவர் தவறு என்று காட்ட முடிந்தது. பக்கத்து வீட்டு அம்மாவின் மார்கோஸ் சாற்றை அப்படி யாரும் சோதிக்க முடியாது. எந்த டம்ளர் என்றே தெரியாதே.

சொந்தக்காரர்களுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்வீர்கள். மகனிடம் மட்டும் ஒரு வேலை கொடுங்கள். பிரௌன்-செக்காரின் 1889 சோதனையை இன்றைக்கு அவன் செய்வதாக இருந்தால் எத்தனை பேரிடம் செய்வான், வெறும் உப்புநீர் ஊசி யாருக்குப் போகும், எந்த ஊசி எது என்று யாருக்குத் தெரியக் கூடாது, எதை அளப்பான், எத்தனை வாரம்? இரண்டு பக்கத்துக்குள் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் எழுதட்டும். அவன் சம்மதித்தால் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.