யூதர்கள் வாரந்தோறும் வாசிக்கும் தோரா பகுதியில் சிரிக்க ஏதாவது இருக்கிறதா? அன்றாட வாழ்க்கைக்கு அதில் என்ன கிடைக்கும்?

சிரிக்க நிறையவே இருக்கிறது. ஆனால் நாற்பது வயது வரை இது எனக்குத் தெரியாது, அதே பக்கங்களைச் சின்ன வயதிலிருந்து வாசித்தும் தெரியாது.

நான் யூதன் இல்லை. நாகர்கோவில் பக்கம், சிஎஸ்ஐ குடும்பம். ஐந்து வருடமாக இஸ்ரேலில் பெத்தா டிக்வா என்ற ஊரில் ஒரு பெரியவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை. 88 வயது, ருமேனியாவில் பிறந்தவர், இங்கே வந்து ஆயுசு முழுக்கப் பஸ் ஓட்டியவர். நான் அவரைச் ‘சபா’ என்று கூப்பிடுவேன், எபிரேயத்தில் தாத்தா. சனிக்கிழமை காலையில் சக்கர நாற்காலியில் வைத்து ஜெப ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் கடைசி வரிசையில் நானும் உட்கார்ந்துவிடுவேன். அப்படித்தான் இதெல்லாம் பழக்கமாயிற்று.

விவரம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தோரா என்பது நம் பைபிளின் முதல் ஐந்து ஆகமங்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒன்று (சில வாரம் இரண்டு சேர்த்து) என்று ஒரு வருடத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் ‘பராஷா’. சிம்ஹாத் தோரா பண்டிகையன்று உபாகமத்தின் கடைசி வரியை வாசித்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வரியை ஆரம்பித்துவிடுவார்கள், ஒருநாள் கூட இடைவெளி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயரும் உண்டு, இங்கே பக்தியுள்ள குடும்பங்களில் வாரத்துக்கே அந்த வாரப் பகுதியின் பெயர்தான். நம் ஊரில் ‘ஆடி மூணாவது வெள்ளி’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

வாசிப்பது தோல் சுருளிலிருந்து, கையால் எழுதியது. உயிர்க்குறி இல்லை, ராகக் குறி இல்லை, நிறுத்தக்குறி இல்லை. புள்ளி வைக்காத பழைய ஓலைச்சுவடியைச் சபையில் நின்று ராகத்தோடு படிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அதேதான். வாசிப்பவர் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வரவேண்டும். அர்த்தம் மாறுகிற மாதிரி ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் நாலு பக்கமிருந்தும் கிழவர்கள் சத்தம் போட்டுத் திருத்துவார்கள். எங்கள் சர்ச்சில் பாடம் வாசிப்பவர் ‘எபிரெயர்’ என்பதை ‘எபேசியர்’ என்று வாசித்தாலும் ஒருவர் வாய் திறக்கமாட்டார். இங்கே எங்கள் சபா அரைமணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, தப்பு வந்த நொடியில் கண்ணைத் திறக்காமலே திருத்திவிட்டு மறுபடி தூங்குவார். நான் பார்த்த முதல் நகைச்சுவை அதுதான், தோராவுக்கு உள்ளே இல்லை.

உள்ளே இருப்பதை அவர் காட்டிக் கொடுத்தது வெள்ளிக்கிழமை மதியங்களில். வாரப் பகுதியை இரண்டு தடவை எபிரேயத்திலும் ஒரு தடவை அரமேய மொழிபெயர்ப்பிலும் படிக்கவேண்டும் என்று தால்முத் (யூத குருமார்களின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பு) காலத்துப் பழக்கம் ஒன்று உண்டு. சபா எபிரேயத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, ‘அரமேயம் எனக்கும் புரியாது உனக்கும் புரியாது, நீ உன் மொழியில் படி’ என்பார். அடுக்களை மேசையில் நான் தமிழ் வேதாகமத்தை விரித்துச் சத்தமாக வாசிப்பேன், அவர் ஒரு சொல் புரியாமல் தலையாட்டுவார். பெயர்கள் வரும்போது மட்டும் ‘ஆ, மோஷே’ என்பார்.

பாலாக் என்ற பகுதி வந்த வாரம். எண்ணாகமம் 22, பிலேயாமின் கழுதை. பக்தியோடு இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு பள்ளியில் இதை அற்புதம் என்று சொல்லிக்கொடுத்தார்கள், கழுதை பேசியது, ஆமென். சபா கையை மேசையில் தட்டி நிறுத்தினார். ‘ஏன் நீ சிரிக்கவே மாட்டேங்கிறாய்?’

அப்புறம் அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு ஏறியது. பிலேயாம் யார்? ஊர் பேர் போன தீர்க்கதரிசி. வாயால் சபித்தே ஒரு ஜனத்தை ஒழிக்க ஒரு ராஜா ஆள்விட்டுக் கூப்பிட்ட ஆள். போகிற வழியில் உருவிய வாளோடு தேவதூதன் நிற்கிறான். ஞானதிருஷ்டிக்காரருக்குத் தெரியவில்லை, கழுதைக்குத் தெரிகிறது. ஒரு தடவை வயலுக்குள் விலகுகிறது, ஒரு தடவை திராட்சைத் தோட்டச் சுவரில் அவர் காலை நசுக்குகிறது, மூன்றாவது தடவை அப்படியே படுத்துவிடுகிறது. மூன்று தடவையும் அடி. கழுதை வாய் திறந்து, என்னை எதற்கு மூணு தடவை அடித்தாய் என்று கேட்கிறது.

இப்போது நீங்களோ நானோ என்ன செய்வோம்? ஓடியிருப்போம். பிலேயாம் அசரவே இல்லை, கழுதையோடு சண்டைக்கு நிற்கிறார்! என்னைக் கேலி பண்ணுகிறாய், கையில் ஒரு வாள் மட்டும் இருந்தால் இப்போதே வெட்டிப்போடுவேன் என்கிறார். வாள் எதிரிலேயேதான் இருக்கிறது, தூதன் கையில். வாயால் ஒரு ஜனத்தையே கொல்லப் போகிறவனுக்கு ஒரு கழுதைக்கு ஆயுதம் தேவைப்படுகிறதே என்று பிரான்ஸில் 11ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ராஷி கிண்டல் அடித்திருக்கிறார். கழுதை நிதானமாகக் கேட்கிறது: இத்தனை வருஷம் நீ ஏறி வந்த கழுதைதானே நான், என்றைக்காவது இப்படிப் பண்ணியிருக்கிறேனா? அதற்குப் பிலேயாமின் பதில் எபிரேயத்தில் ஒரே சொல். ‘லோ.’ இல்லை. விவாதத்தில் கழுதை ஜெயித்துவிட்டது.

அது நடந்து இரண்டு மாதம் இருக்கும். மருந்துக்கடைக்குப் போகிற வழியில் சக்கர நாற்காலி இடப்பக்கமே இழுத்தது. நான் ஒரு தள்ளு தள்ளினேன். மறுபடி இழுத்தது, காலால் ஒரு உதை விட்டேன். மூன்றாவது தடவை நின்றேவிட்டது, நான் தமிழில் நல்லதாக நாலு வார்த்தை சொன்னேன். சபா திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: ‘இத்தனை நாளில் இது உனக்கு இப்படிச் செய்திருக்கிறதா?’ குனிந்து பார்த்தால் முன்சக்கர அச்சில் பிளாஸ்டிக் பை ஒன்று கயிறாய் முறுக்கிச் சுற்றியிருக்கிறது. எடுத்துப் போட்டேன். இப்போது பால்குக்கர் விசில் போடவில்லை என்றாலும் சரி, எப்போதும் பேசுகிற தங்கச்சி ஒரு வாரம் போன் எடுக்கவில்லை என்றாலும் சரி, கத்துவதற்கு முன் அந்தக் கேள்வி வந்து நிற்கிறது. (சபிக்கப் போன பிலேயாம் கடைசியில் வாழ்த்திவிட்டு வந்தார். அந்த வாழ்த்தைத்தான் இன்றைக்கும் காலையில் ஜெப ஆலயத்துக்குள் நுழையும்போது சொல்கிறார்கள்.)

இப்படி எங்கள் வீட்டில் பராஷாவெல்லாம் குழூஉக்குறி ஆகிவிட்டது. ‘கன்றுக்குட்டி’ என்றால் சாக்குப்போக்கு. ஜனத்தை எகிப்திலிருந்து கூட்டி வந்த மோசே மலையில் இருந்தபோது அவர் அண்ணன் ஆரோன் பொன் கன்றுக்குட்டி செய்துவிட்டார் இல்லையா, மோசே வந்து கேட்டதும் அவர் சொன்ன விளக்கம்: நகையை வாங்கினேன், நெருப்பில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வெளியே வந்தது. அதுவாக வந்ததாம்! இருபது வசனத்துக்கு முன்னால்தான் அவரே உளி பிடித்து உருவாக்கினார் என்று எழுதியிருக்கிறது. நான் சட்டியைத் தீய விட்டுவிட்டு ‘அடுப்பில் வைத்தேன், அதுவா பிடிச்சிருச்சு’ என்று சொன்ன அன்றைக்கு அவர் ‘மூ’ என்று கத்தினார், கன்றுக்குட்டி மாதிரி.

அதே அதிகாரத்தில் இன்னொன்று. கடவுள் கோபத்தில் மோசேயிடம், நீ எகிப்திலிருந்து கூட்டி வந்த உன் ஜனம் கெட்டுப்போயிற்று என்கிறார். மோசே விடவில்லை. நீர் கூட்டி வந்த உம்முடைய ஜனத்தின் மேல் ஏன் கோபம் என்கிறார். ஸ்கூலிலிருந்து புகார் வந்தால் ‘உங்க புள்ளை’, மெடல் வாங்கி வந்தால் ‘எம் புள்ளை’ கதைதான். சபாவின் மகள் அவள் அண்ணனுக்குப் போன் போட்டு, ‘உன் அப்பா இன்றைக்கும் மாத்திரை போடவில்லை’ என்பாள். உன் அப்பாவாம். சபாவுக்குக் காது கேட்கும் கருவி அந்த நேரம் மட்டும் துல்லியமாக வேலை செய்யும்.

‘தவளை’ என்றால் தள்ளிப்போடுவது. அடிமைகளாக இருந்த ஜனத்தை விட மறுத்த எகிப்து ராஜா பார்வோனின் நாடு முழுக்கத் தவளை, அடுப்பில், மாவு பிசைகிற தொட்டியில் எல்லாம். அவனுடைய மந்திரவாதிகளும் திறமையைக் காட்டுகிறேன் என்று இன்னும் கொஞ்சம் தவளையை வரவழைக்கிறார்கள், இது எந்த ஊர் உதவியோ. தவளைகள் ஒழிய நான் எப்போது ஜெபிக்கட்டும் என்று மோசே கேட்கிறார். பார்வோன் சொல்கிறான்: நாளைக்கு. ஏன்டா நாளைக்கு? இன்னொரு ராத்திரி தவளையோடு படுக்கவேண்டுமா? இப்போது பல் டாக்டரிடம் எப்போது போகலாம் என்று நான் கேட்டால் சபா ‘நாளைக்கு’ என்பார், நான் தவளை மாதிரி ஒரு சத்தம் கொடுப்பேன், அவர் சட்டையைப் போட்டுக்கொள்வார்.

எனக்குத் தொழிலிலேயே உதவியது ஆபிரகாமின் மனைவி சாராளின் சிரிப்பு. தொண்ணூறு வயதில் பிள்ளை பிறக்கும் என்றதும் சாராள் உள்ளுக்குள் சிரித்து, என் வீட்டுக்காரரும் கிழவராச்சே என்கிறாள். கடவுள் இதை ஆபிரகாமிடம் போய்ச் சொல்லும்போது ‘நான் கிழவியாகிவிட்டேனே’ என்று சாராள் சொன்னதாக மாற்றிச் சொல்கிறார், புருஷனைச் சொன்னதை விழுங்கிவிட்டார். குடும்ப சமாதானத்துக்காகக் கடவுளே வார்த்தையை மாற்றினார் என்று தால்முத் சொல்கிறது. சாராள் நான் சிரிக்கவே இல்லை என்று சாதிக்கிறாள், இல்லை சிரித்தாய் என்று பதில் வருகிறது, அந்தப் பேச்சு அப்படியே முடிந்துவிடுகிறது. மகனுக்கு ஈசாக் என்று பெயர், அந்தப் பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது. நான் இங்கே ஒருநாளைக்கு மூன்று தடவை இந்த வேலையைச் செய்கிறேன். ‘அவள் வந்தால் வீட்டையே புரட்டிப்போடுவாள், ஆனால் பேத்தியைப் பார்க்கணும் போல இருக்கு’ என்று அவர் சொன்னால் மகளுக்குப் பின்பாதி மட்டும்தான் போகும்.

சந்தைக்குப் போனால் எப்பெரோன் ஞாபகம். சாராளைப் புதைக்க ஆபிரகாம் நிலம் கேட்கிறார். நிலத்துக்காரன் எப்பெரோன் ஊரார் முன்னிலையில், சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறான். ஆபிரகாம் இல்லை, விலை சொல் என்கிறார். 400 சேக்கல் வெள்ளி பெறும், உங்களுக்கும் எனக்கும் நடுவில் அது என்ன பெரிய காசு என்கிறான்! முழுத் தொகையையும் எண்ணி வாங்கிக்கொண்டும் விடுகிறான். காசு கைமாறுகிற இடத்தில் அவன் பெயரை ஓர் எழுத்துக் குறைத்து எழுதியிருக்கிறது, வாய்ப்பந்தல் போட்டுவிட்டு ஒன்றும் செய்யாததால்தான் என்பார் ராஷி. இந்த நாட்டில் இன்றைக்கும் காசுக்குப் பெயர் சேக்கல்தான், ‘உனக்காகத்தான் இந்த விலை’ என்கிற தக்காளிக்காரரிடம் நான் ஜாக்கிரதையாக இருப்பேன்.

எல்லா வாரமும் இப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். லேவியராகமத்தில் தோல் நோய், வீட்டுச் சுவரில் பூஞ்சை, எந்தக் கொழுப்பை எங்கே எரிப்பது என்று வாரக்கணக்கில் போகும். 13 வயதாகும் பையன் அந்த வாரத்தில் முதல்முறை வாசிக்கவேண்டி வந்தால் பாவம், சொறியையும் சிரங்கையும் ராகம் போட்டுப் பாடுவான். முடித்ததும் எல்லோரும் அவன் மேல் மிட்டாய் எறிவார்கள். சாபங்கள் வரும் இரண்டு பகுதிகளில் சிரிப்பே கிடையாது, அந்த இடங்களைத் தாழ்ந்த குரலில், வேகமாக வாசித்துக் கடந்துவிடுவார்கள். ஒரு முழு மண்டபம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது தெரியும்.

கடைசியாக ‘வெள்ளரிக்காய்’ என்றால் பழைய சாப்பாட்டை நினைத்துப் புலம்புவது. வனாந்தரத்தில் கடவுள் தந்த மன்னா என்ற உணவையே தின்று சலித்துப்போன ஜனம் அழுகிறது: எகிப்தில் சும்மா கிடைத்த மீன், வெள்ளரிக்காய், வெங்காயம், பூண்டு எல்லாம் ஞாபகம் வருகிறதே! அடிமையாய்ச் செங்கல் அறுத்தது மறந்துவிட்டது, பூண்டு மறக்கவில்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து சபாவுக்குத் தினமும் இந்த வெள்ளரிக்காய்ப் புலம்பல்தான், ருமேனியாவில் அவர் அம்மா வைத்த சூப்பைப் பற்றி எனக்கு மனப்பாடமாகத் தெரியும். எனக்கும் உண்டு, நான் அயிலைக் குழம்பைப் பற்றிப் புலம்புவேன்.

அந்த அழுகையைக் கேட்டு மோசே கடவுளிடம் வெடிக்கிறார். இந்த ஜனத்தை நானா பெற்றேன், பால்குடிக்கிற பிள்ளையைத் தூக்குகிறவன் மாதிரி நான் இவர்களை மார்போடு தூக்கிச் சுமக்கவேண்டுமா? இந்த வருடம் அந்த வெள்ளிக்கிழமை நான் தமிழில் அந்த வரியைப் படித்ததும், என்ன வரி என்று அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று காலையில் குளியலறையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருந்தேன், முட்டி சரியில்லை.

‘என்னைப் பெற்றது நீயா?’ என்றார்.

‘லோ’ என்றேன்.

சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று, இருமல் வந்து தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது. அப்புறம் சூப்பை ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பே இல்லை என்று கிண்ணத்தைத் தள்ளினார்.

‘வெள்ளரிக்காய்’ என்று சொல்லிக் கிண்ணத்தைத் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினேன்.