கழுவக் கழுவக் கலங்கும் மீன் தொட்டி

கேள்வி: ஒன்றரை அடி நீளத் தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ் வாங்கி விட்டோம். ஞாயிறுதோறும் மீன்களை வாளியில் பிடித்து விட்டு, தண்ணீர் முழுவதையும் கொட்டி, கூழாங்கல், ஃபில்டர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறேன். செவ்வாய், புதனுக்குள் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கிவிடுகிறது. போன மாதம் இரண்டு மீன் செத்துப்போயின. கடையில் கொடுத்த நீல மருந்தும் பலன் தரவில்லை. என்ன செய்வது?
– வாசகி, மதுரை

பதில்: வரும் ஞாயிற்றுக்கிழமை தொட்டியைக் கழுவாதீர்கள். அதற்கடுத்த ஞாயிறும் வேண்டாம். மீன்கள் மேலுள்ள அக்கறையில்தான் இவ்வளவு பாடுபடுகிறீர்கள், புரிகிறது. ஆனால் தண்ணீர் கலங்குவதே இப்படி முழுசாகக் கழுவுவதால்தான்.

மீன் தன் செவுள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அம்மோனியாவாகிறது. மீனுக்கு அது விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு வகையும் தண்ணீரில் மிதந்து திரிவதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெல்ல மெல்லப் பெருகுகின்றன. புதுத் தொட்டியில் இவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் அவற்றைத் தேய்த்துக் கழுவி விடுகிறீர்கள். கழுவியது குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் மிச்சமும் செத்திருக்கும். அதனால் மாதக்கணக்காக வைத்திருந்தாலும் உங்களுடையது வாரந்தோறும் புதுத் தொட்டிதான்.

அந்த நிலையில் வேறொரு கூட்டம் பெருகுகிறது. கழிவையும் தீவன மிச்சத்தையும் தின்னும் பாக்டீரியாக்கள் இவை. மிக வேகமாகப் பெருகித் தண்ணீரிலேயே மிதக்கும். நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கலங்கல் இவைதான். கலங்கல் நேரடியாக மீனைக் கொல்வதில்லை. ஆனால் இந்தக் கூட்டம் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சிவிடும். கண்ணுக்குத் தெரியாத அம்மோனியாவும் கூடவே ஏறிக்கொண்டிருக்கும். உங்கள் இரண்டு மீன்களும் பெரும்பாலும் இதனால்தான் செத்திருக்க வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 7 உள்ள தண்ணீரில் அம்மோனியாவில் நூற்றுக்கு அரைப் பங்கு அளவுதான் கடும் விஷமான வடிவத்தில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது நூற்றுக்கு ஐந்தைத் தாண்டிவிடும். நம் ஊர்களில் பல போர் தண்ணீர் 8-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. கோடையில் தண்ணீர் சூடேறினால் விஷம் இன்னும் கூடும்.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு நாள் தீவனமே போடாதீர்கள். கோல்டு ஃபிஷ் தாங்கும். பிறகு இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும், நாளுக்கு ஒரு முறை. பசியோடு மேலே வந்து பார்க்கும்தான், இரக்கப்பட்டு இன்னொரு சிட்டிகை போடாதீர்கள். உங்கள் தொட்டி சுமார் 30 லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாரத்துக்குத் தினமும் ஏழு எட்டு லிட்டர் மட்டும் எடுத்து, அதே அளவு புதுத் தண்ணீர் விடுங்கள். அதன் பின் வாரம் ஒரு முறை அதே அளவு போதும். மீனை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. சின்ன டியூப் வைத்து, கற்களுக்கு இடையில் உள்ள கழிவோடு சேர்த்து உறிஞ்சி எடுங்கள்.

கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் முந்தின நாளே அகலமான வாளியில் திறந்து வைத்து மறுநாள் ஊற்றுங்கள். அவசரத்துக்கு ஆன்டி குளோரின் சொட்டு, பாட்டிலில் போட்டிருக்கும் அளவில். மாடித் தொட்டித் தண்ணீரை மதியத்தில் பிடிக்காதீர்கள்; வெயில் சூட்டோடு வரும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டி கழுவிய நாளிலும் வேண்டாம்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தரம் பிழிந்துவிட்டு மாட்டுங்கள். குழாயடிக்குக் கொண்டுபோகவே கூடாது. ஃபில்டரையும் ஏர் பம்ப்பையும் இராத்திரி சத்தம் கேட்கிறது என்று நிறுத்தும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கலங்கல் இருக்கும் நாட்களில் அது ஆபத்து. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காத்திருக்காமல் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

கடைக்காரர் கொடுத்த நீல மருந்து அநேகமாக மெத்திலீன் ப்ளூ. பூஞ்சைக்கு நல்ல மருந்து. கலங்கலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் அது தாக்கும். நோயுற்ற மீனைத் தனி வாளியில் வைத்துத்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். படிகாரம் போடலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. வேண்டாம், பி.எச்.-ஐச் சட்டென்று இறக்கிவிடக்கூடும். கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் போடலாம். கலங்கலைத் தெளியவைக்க அல்ல. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும்.

வெள்ளையாக இல்லாமல் பச்சையாகக் கலங்கினால் அது பாசி: ஜன்னல் வெயில் படாத இடத்துக்கு மாற்றி, விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள். தேநீர் நிறம் என்றால் அலங்கார மரத்துண்டின் சாயம், கெடுதல் இல்லை.

கொஞ்சம் கசப்பான விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோல்டு ஃபிஷ் அரை அடிக்கு மேல் வளரும், கழிவும் அதிகம். 30 லிட்டரில் நான்கு என்ன, இரண்டே அதிகம். விற்கும்போது இதையெல்லாம் சொல்வது கடையின் கடமை. மீதி இரண்டையும் வைத்துக்கொள்ள ஆசை என்றால் மூன்றடித் தொட்டிக்கு மாறுங்கள். முடியாவிட்டால் பெரிய தொட்டி உள்ளவர்களிடம் கொடுங்கள். வைகையிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள், அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அது கேடு. இந்தத் தொட்டிக்கு ஐந்தாறு ஆண் கப்பி மீன்கள் சரியாக இருக்கும். நம் கடினத் தண்ணீர் அவற்றுக்கு ஒத்துப்போகும். பெண் கப்பியும் சேர்ந்தால் குட்டி போட்டுப் பெருகிவிடும்.

கலங்கல் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் தானாகத் தெளியும். தெளிந்ததும் புது மீன் வாங்க ஓடாதீர்கள். பளிங்கு போன்ற தண்ணீரிலும் அம்மோனியா இருக்கலாம். அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் காட்டும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வாரம் ஒரு முறை பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்று தொடர்ந்து இரண்டு வாரம் காட்டிய பிறகு புது மீன் விடலாம், ஒரு தடவைக்கு இரண்டு மட்டும்.